மூலையில் ஒலிக்கும் மணி

பெங்களூர் அல்சூரில், ஏரிக்கரைக்குச் சற்று அப்பால் ஒரு சந்தில் குடியிருக்கும் என் பெரியப்பா, தூரவாணி நகரில் 1948-ல் ஸ்தாபிக்கப்பட்ட இந்தியன் டெலிபோன் இண்டஸ்ட்ரீஸ் தொழிற்சாலையில் டெலிபோன் மணிகளின் ஓசையைச் சோதித்துச் சரிசெய்யும் வேலையில் ஆயுளில் பெரும்பகுதியைக் கழித்து ஓய்வு பெற்றவர். மணி எப்போது ஒலிக்க வேண்டும், எப்போது ஒலிக்கலாகாது என்பதை அவ்வளவு காலம் அறிந்து பழகிய அவரையே, வீட்டுக் கம்ப்யூட்டரின் வலது கீழ்க்கோடியில் நிமிஷத்துக்கொரு முறை முளைத்த எச்சரிக்கைகள் சென்ற மாதம் தூக்கமில்லாமல் செய்துவிட்டன.

"தம்பி, அஞ்சு வைரஸ் இருக்குதுன்னு சொல்லுது. பணம் கட்டாட்டி எல்லாம் அழிஞ்சு போகுமாமே!" என்று அவர் போனில் சொன்னபோது, அந்தக் குரலில் இருந்த பயத்தைக் கேட்டு நான் அன்று மாலையே புறப்பட்டுப் போனேன்.

இத்தகைய எச்சரிக்கைகள் ஒரே இடத்தில் தோன்றினாலும் ஒரே இடத்திலிருந்து வருவன அல்ல. இந்த ஒரு விஷயத்தைத் தெரிந்துகொண்டால் உபத்திரவத்தில் பாதி நீங்கிவிடும். பெரியப்பாவின் திரையில் எழும்பிய சிவப்புக் கேடயத்தை உற்றுப் பார்த்தோம். பெரிய எழுத்தில் ஆபத்து என்றிருந்தது. அதன் ஓரத்திலோ, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தால்தான் தெரியும் சிறிய எழுத்தில், பொருளற்ற எழுத்துக்களைக் கோத்த ஓர் இணையதளத்தின் பெயரும், குரோம் என்ற பிரவுசரின் பெயரும் இருந்தன. கம்ப்யூட்டரின் காவல் நிரல் பேசியிருந்தால் அங்கே விண்டோஸ் செக்யூரிட்டி என்றிருக்கும். ஆகவே இது காவற்காரன் குரலன்று; காவற்காரன் வேஷமிட்டு வந்த விளம்பரக்காரன் குரல்.

அவன் உள்ளே வந்த வழியைப் பெரியப்பாவுக்கு அவருடைய தொழிலைக் கொண்டே விளக்கினேன். ஏதோ ஓர் இணையதளம், "நீங்கள் ரோபோ அல்ல என்று நிரூபிக்க அனுமதி என்பதை அழுத்துங்கள்" என்று கேட்டிருக்கும், அவரும் அழுத்தியிருப்பார். அந்த க்ஷணத்தில், அவருடைய பிரவுசருக்கென்று ஒரு தனி விலாசம், டெலிபோன் நம்பரைப் போல, அந்தத் தளத்தாரின் கைக்குப் போய்விடுகிறது. பிறகு அந்தத் தளத்தை மூடிவிட்டாலும், அவர்கள் அந்த நம்பருக்குச் செய்தி அனுப்பினால், பிரவுசர் நிறுவனத்தார் நடத்தும் எக்ஸ்சேஞ்ச் போன்ற ஒரு நிலையம் அதை வாங்கி, திரைக்குப் பின்னால் விழித்திருக்கும் பிரவுசரிடம் சேர்க்க, பிரவுசர் அதை விண்டோஸிடம் கொடுக்க, விண்டோஸ் தன் சொந்தச் செய்திகளைக் காட்டும் அதே மூலையில் அதையும் காட்டிவிடுகிறது. கடிதம் வந்தது, ரயில் தாமதம் என்பன போன்ற சமாசாரங்களை உடனே தெரிவிக்கவே 2015-ஆம் ஆண்டு ஏப்ரலில் குரோம் பிரவுசரில் இந்த ஏற்பாடு வந்தது. அதன் துஷ்பிரயோகம் பெருகியதால், 2020 ஜனவரியில் வெளியான பயர்பாக்ஸ் பிரவுசரின் 72-ஆம் பதிப்பு, இப்படி அனுமதி கேட்கும் பெட்டிகளையே தானாக மறைத்துவிடலாயிற்று.

"அப்போ ஒயரை அறுக்க வேணாம், நம்பரை ரத்து பண்ணினாப் போதும்," என்றார் பெரியப்பா. நான் சொல்ல நினைத்ததைவிட அது தெளிவாக இருந்தது. குரோமின் செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, அதனுள் சைட் செட்டிங்ஸ், அதனுள் நோட்டிபிகேஷன்ஸ் என்று போனால், அனுமதி பெற்ற தளங்களின் ஜாபிதா இருக்கும். அவர் கம்ப்யூட்டரில் பதினோரு பெயர்கள் இருந்தன. அவற்றில் அவருக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. மற்றப் பத்தின் எதிரே இருந்த மூன்று புள்ளிகளை ஒவ்வொன்றாக அழுத்தி, பிளாக் என்பதைத் தேர்ந்தெடுத்தார்.

இரண்டாவது குரல், கம்ப்யூட்டரோடு இலவசமாக வந்து, காலக்கெடு முடிந்த பின் பணம் கேட்கும் ஆண்டி வைரஸினுடையது. அதைச் செட்டிங்ஸின் ஆப்ஸ் பகுதியில் அன்இன்ஸ்டால் செய்து, கம்ப்யூட்டரை ஒரு முறை அணைத்துத் திறந்தால் போதும். 2012-ல் வந்த விண்டோஸ் 8 முதல் டிபெண்டர் என்ற காவல் நிரல் கூடவே வருகிறது. வேறோர் ஆண்டி வைரஸ் இருக்கும்வரை ஒதுங்கி நிற்கும் அது, மற்றது போனதும் தானே காவலை ஏற்கிறது. ஏற்றுவிட்டதா என்பதை விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து, பச்சை அடையாளத்தைக் கண்ணால் பார்த்து நிச்சயித்துக்கொள்வது அவசியம்.

மூன்றாவது, விண்டோஸின் சொந்தக் குரல். 2004 ஆகஸ்டில் விண்டோஸ் எக்ஸ்பிக்கான சர்வீஸ் பேக் 2 என்ற அப்டேட் செக்யூரிட்டி சென்டரைக் கொண்டுவந்ததிலிருந்தே அது நம்மோடு பேசிவருகிறது. சோதித்தேன், ஒன்றுமில்லை என்பது போன்ற அதன் அறிக்கைகள் வேண்டாமென்றால், விண்டோஸ் செக்யூரிட்டியின் செட்டிங்ஸில் மேனேஜ் நோட்டிபிகேஷன்ஸ் என்ற இடத்தில் அவற்றை மட்டும் நிறுத்தலாம். ஆனால் எரிச்சல் மிகுந்து ரியல்-டைம் புரொடெக்‌ஷனை நிறுத்துவது, மணி அடிக்கிறதென்று காவற்காரனையே வீட்டுக்கு அனுப்புவதாகும். அதை மட்டும் செய்ய வேண்டாமென்று நான் மன்றாடிக் கேட்டுக்கொள்வேன். 2017 மே 12-ஆம் தேதி வான்னாகிரை என்ற நாச நிரல் உலகெங்கும் பரவி, ஆந்திரப் போலீஸ் நிலையங்கள் சிலவற்றின் கம்ப்யூட்டர்களையும் முடக்கியபோது, அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாப்ட் வெளியிட்டு இரண்டு மாதம் ஆகியிருந்தும், பலர் அதைப் போட்டுக்கொள்ளாமலே இருந்தார்கள். பொய் மணிகளுக்கிடையே வாழ்ந்தவர் மெய் மணியையும் கேளாமல் விட்டுவிடுவது மனித சுபாவம். பொய் மணிகளை அடக்க வேண்டுமென்று நான் இவ்வளவு வற்புறுத்துவதும் அதனால்தான்.

இத்தகைய பொய் எச்சரிக்கையில் தோன்றும் நம்பருக்குப் போன் செய்து பணமும் கொடுத்துவிட்டவர்கள், வெட்கப்பட்டு நாளைக் கடத்தாமல் 1930 என்ற தேசிய சைபர் குற்ற உதவி எண்ணை உடனே அழைக்க வேண்டும்.

வேலை முடிந்தபின் பெரியம்மா கொடுத்த காபியோடு திரையின் மூலையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கால் மணி நேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு ஒரு சிறு பெட்டி எழும்பியது. பெரியப்பா நெற்றியைச் சுருக்கி, முதலில் ஓரத்துச் சின்ன எழுத்தைப் படித்தார். விண்டோஸ் செக்யூரிட்டி, சோதனை முடிந்தது, அபாயம் ஏதுமில்லை.

"இதையும் நிறுத்திவிடட்டுமா, பெரியப்பா?"

"வேணாம்ப்பா, இது அடிக்கட்டும்."