ஹென்றி நவ்வென்

ஹென்றி நவ்வென் (சனவரி 24, 1932 – செப்டம்பர் 21, 1996) நெதர்லாந்து நாட்டைச் சேர்ந்த கத்தோலிக்கக் குருவும், உளவியல் பேராசிரியரும், ஆன்மிக எழுத்தாளரும் ஆவார். ஏறத்தாழ நாற்பது நூல்களை எழுதியுள்ளார். தற்பாலீர்ப்பு உடையவரான இவர், குருக்களுக்குரிய மணத்துறவு வாழ்வை மேற்கொண்டிருந்தார். தம் பாலீர்ப்பைப் பற்றி நெருங்கிய நண்பர் சிலரிடம் மட்டுமே பேசினார். தனிமை, நட்பு, இறையன்பு ஆகியன இவரது எழுத்துகளின் முதன்மைப் பொருள்களாகும்.

வாழ்க்கைக் குறிப்பு

நவ்வென் 1957-ஆம் ஆண்டு குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார். பின்னர் உளவியல் பயின்று, அமெரிக்காவில் நோட்ரே டேம், யேல், ஆர்வர்டு பல்கலைக்கழகங்களில் கற்பித்தார். 1972-இல் வெளிவந்த "காயமுற்ற குணமளிப்பவர்" என்னும் நூலில், பிறரின் துயர் துடைக்க விழைபவர் தம் காயத்தை மறைக்காமல், அதையே பிறரைப் புரிந்துகொள்ளும் வழியாகக் கொள்ளலாம் என விளக்கினார். 1986-இல் பேராசிரியர் வாழ்வைத் துறந்து, கனடாவின் டொராண்டோ நகருக்கு அருகிலுள்ள டேபிரேக் இல்லத்தில் சேர்ந்தார். இது அறிவுத்திறன் குறைபாடு உடையோரும் அவர்களுக்குத் துணைநிற்போரும் ஒன்றாக வாழும் லார்ஷ் அமைப்பைச் சேர்ந்ததாகும். அங்கு, பேச இயலாத ஆதாம் என்னும் இளைஞரைக் குளிப்பாட்டி உணவூட்டும் பணி இவருக்குத் தரப்பட்டது. நூல்களால் கிடைத்த புகழ் ஆதாமிடம் பொருளற்றதாயிற்று என்பதை நவ்வென் பின்னர் எழுதினார்.

திருச்சபையின் போதனை

1986 அக்டோபரில் வத்திக்கானின் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம், தற்பாலீர்ப்பு தன்னளவில் பாவமன்று, ஆயினும் ஒழுங்கு பிறழ்ந்த நாட்டம் எனக் கூறும் மடலை வெளியிட்டது. 1992-இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், தற்பாலுறவுச் செயல்களை ஏற்பதில்லை. தற்பாலீர்ப்பினர் மதிப்புடனும் பரிவுடனும் ஏற்கப்பட வேண்டும் என்கிறது. கற்புநெறியில் அவர்களுக்குத் துணையாகத் தன்னலமற்ற நட்பு, செபம், அருட்சாதனங்களின் அருள் ஆகியவற்றைக் குறிப்பிடுகிறது. 2023 திசம்பரில் வத்திக்கான் வெளியிட்ட அறிக்கை, ஒருபால் இணையருக்கு வழிபாட்டுச் சடங்காக அல்லாமல் ஆசி வழங்கக் குருக்களை அனுமதித்தது. எனினும் திருமணம் பற்றிய போதனை மாறவில்லை.

நட்பும் நெருக்கடியும்

மறைக்கல்வி நூல் துணை எனக் கூறும் நட்பே நவ்வெனுக்குப் பெரும் சோதனையாகவும் அமைந்தது. இல்லத்தில் நெருங்கிப் பழகிய நண்பர் ஒருவரிடம் தம் மனத்தை முழுமையாகத் திறந்தார். அந்நண்பரால் தாங்க இயலாத அளவுக்கு எதிர்பார்ப்பு பெருகியதால், 1987-இன் இறுதியில் நட்பு முறிந்தது. கடும் மனச்சோர்வுற்ற நவ்வென், ஏறத்தாழ ஆறு மாதங்கள் இல்லத்தை விட்டு விலகிச் சிகிச்சை பெற்றார். அக்காலத்தில் எழுதிய குறிப்புகளை வெளியிடப் பல ஆண்டுகள் தயங்கினார். அவை 1996-இல் "அன்பின் உட்குரல்" என்னும் நூலாயின. மனிதர் ஒருவரால் நிரப்ப முடியாத வெற்றிடம் உண்டு என்பதும், அதற்காக நட்பைக் கைவிடலாகாது என்பதும் அந்நூலின் சாரமாகும். பின்னாளில் அந்நட்பு மீண்டும் மலர்ந்தது.

கலை

1983-இல் பிரான்சில் நண்பர் ஒருவரின் அறையில், ரெம்பிரான்ட் வரைந்த "ஊதாரி மைந்தனின் திரும்புகை" ஓவியத்தின் படியை நவ்வென் கண்டார். 1986-இல் லெனின்கிராட் (இன்றைய சென் பீட்டர்சுபர்க்) நகரின் எர்மிட்டாச் அருங்காட்சியகத்தில் மூல ஓவியத்தின் முன் பல மணி நேரம் அமர்ந்திருந்தார். லூக்கா நற்செய்தியின் உவமையைச் சித்தரிக்கும் அவ்வோவியத்தில், மகனின் முதுகில் பதிந்துள்ள தந்தையின் கைகள் ஒன்றுபோல் இல்லை. ஒன்றை வலிமையான தந்தையின் கையாகவும், மற்றொன்றை மென்மையான தாயின் கையாகவும் நவ்வென் கண்டார். முதலில் தம்மை இளைய மகனாகவும், பின்னர் மூத்த மகனாகவும், இறுதியில் பிறரை வரவேற்க அழைக்கப்பட்ட தந்தையாகவும் உணர்ந்ததை 1992-இல் நூலாக எழுதினார்.

1991 முதல் செருமனியில் சர்க்கசு ஊஞ்சல் கலைஞர் குழு ஒன்றுடன் நட்புக் கொண்டார். பறப்பவர் தாமே பிடிக்க முயலாமல், பிடிப்பவரை நம்பிக் கைகளை நீட்டியிருக்க வேண்டும் என அவர்களிடம் கற்றதை, இறைநம்பிக்கைக்கு உவமையாகக் கூறினார்.

மறைவும் தாக்கமும்

ரெம்பிரான்ட் ஓவியம் பற்றிய ஆவணப்படத்திற்காக உருசியா செல்லும் வழியில், நெதர்லாந்தின் இல்வர்சம் நகரில் மாரடைப்பால் காலமானார். அவரது பாலீர்ப்பு, 1999-இல் மைக்கேல் ஃபோர்டு எழுதிய வாழ்க்கை வரலாற்றின் வழியாகவே பரவலாகத் தெரியவந்தது. அவர் வெளிப்படையாகப் பேசியிருக்கலாம் எனச் சிலர் கருதுகின்றனர். தம் வாக்குறுதிக்கு உண்மையாக வாழ்ந்தார் என்பதை வேறு சிலர் போற்றுகின்றனர். தற்பாலீர்ப்புடைய கத்தோலிக்கர் பலர் அவரது நூல்களில் தம் தனிமைக்கு ஒரு மொழியைக் கண்டுள்ளனர்.