காப்பிக்கொட்டை அரைக்கும் கையியந்திரம்

திருப்பூரைச் சூழ்ந்த கொங்கு நாட்டார் பருத்தியை அறிந்த அளவு காப்பியை அறிந்தவரல்லர். எனினும் அவர்கள் வாழும் சமவெளியைச் சுற்றி நிற்கும் மலைகளிலெல்லாம் காப்பி விளைகின்றது. தெற்கே ஆனைமலைத் தொடரில் வால்பாறையும், வடமேற்கே நீலகிரியும், வடகிழக்கே சேர்வராயன் மலைமேல் ஏற்காடும் அதற்குரிய இடங்களாம். பாபா பூதன் என்னும் சூஃபிப் பெரியார் 17ஆம் நூற்றாண்டில் ஏமன் நாட்டு மோக்காத் துறைமுகத்தினின்றும் ஏழு வித்துக்களைக் கொணர்ந்து, மைசூர் நாட்டுச் சிக்கமகளூர் மலையில் விதைத்தனர் என்பது வழிவழியாக வரும் செய்தி. ஏற்காட்டிலோ 1820ஆம் ஆண்டை ஒட்டிச் சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன் துரை அதனைப் பயிராக்கினார். இவ்வளவு அண்மையில் விளையும் பொருளை நம்மவரிற் பெரும்பாலார் கொட்டையாகக் கண்ணாற் காணாமலே, உறையிலிட்ட தூளாக வாங்கி நாடோறும் பருகி வருகின்றனர். அக்கொட்டையை வீட்டிலேயே அரைத்துக்கொள்வதற்குரிய கையியந்திரத்தைத் தெரிந்தெடுப்பது எவ்வாறு, அதனைக் கையாளுவது எவ்வாறு என்பனவே ஈண்டுக் கூறப்புகும் விஷயம்.

இது புதிய வழக்கமன்று. நம் பாட்டன்மார் காலத்தில் காப்பி குடித்த வீடுகளிற் பலவற்றில், கொட்டையை இரும்புச் சட்டியில் வறுத்து, மேசை விளிம்பிலேனும் ஜன்னற் பலகையிலேனும் திருகு கொண்டு பிணித்த வார்ப்பிரும்பு இயந்திரத்தில் அரைப்பது வழக்கமாயிருந்தது. லண்டன் ஸ்பாங் கம்பெனியார் செய்த இயந்திரங்கள் அவ்வகையைச் சேர்ந்தவை. மோட்டார் வண்டிக்குப் பெயர்பெற்ற பிரெஞ்சு நாட்டுப் பெஜோ குடும்பத்தார், வண்டி என்பதையே கனவு காணாத 1840ஆம் ஆண்டிலேயே காப்பி இயந்திரம் செய்து விற்றனர் என்பதும் இங்கு நினைக்கத்தக்கது. பின்னர்க் கடைகளில் மின்சார இயந்திரங்கள் வந்தன, உறைத்தூளும் வந்தது, பழைய இயந்திரங்கள் பரணேறின. இப்பொழுது அவை வேறு வடிவத்தில் மீண்டும் இறங்கி வருகின்றன. அதற்கு ஒரு காரணமும் உண்டு. 1942ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, தோட்டக்காரர் தம் விளைவைக் காப்பி வாரியத்தின் பொதுக் களஞ்சியத்திற்கே கொடுக்கவேண்டும் என்றிருந்த ஏற்பாடு 1990களின் நடுவில் நீங்கிற்று. அதன் பிறகு சிறு தோட்டக்காரரும் தம் கொட்டையை வறுத்து நேரே வீடுகளுக்கு அனுப்ப வழி பிறந்தது. கொட்டை வீட்டிற்கு வந்துவிட்டால் அதனை அரைப்பதற்குக் கருவி வேண்டுமன்றோ?

அரைத்த தூளே கிடைக்கும்போது இத்தொல்லை எதற்கு என்று கேட்பார் உளர். அவர்க்கு ஒரு சிறு கணக்கைக் காட்டுவோம். எட்டு மில்லிமீட்டர் பக்கமுள்ள ஒரு கனசதுரத்தை அரை மில்லிமீட்டர்ப் பக்கமுள்ள சிறு கனசதுரங்களாக வெட்டினால், 4,096 துண்டுகள் கிடைக்கும். அவற்றின் மேற்பரப்போ முன்னிருந்ததைப்போல் 16 மடங்காகும். வறுத்த கொட்டைக்குள் அடைபட்டிருந்த நறுமணப் பொருள்கள் அம்மேற்பரப்பின் வழியாக வெளியேறுகின்றன. காற்றிலுள்ள பிராணவாயு அவ்வழியாகவே உட்புகுந்து கொட்டையின் எண்ணெயைக் கெடுக்கின்றது. ஆதலின், வறுத்த கொட்டை நன்றாக மூடிய பாத்திரத்தில் சில வாரம் குணங்கெடாதிருக்க, தூளோ சில நாட்களிலேயே வாசனை இழந்துவிடுகின்றது. அரைக்கும்போது வீடெங்கும் கமழும் மணம், நாம் குடிக்கவேண்டிய காப்பியினின்றும் பிரிந்து போவதே. அப்பிரிவு அடுப்பங்கரையில் நிகழ்வதா, ஒரு மாதத்திற்கு முன் எங்கோ ஒரு தொழிற்சாலையில் நிகழ்வதா என்பதே கேள்வி.

இரண்டாவதொரு காரணமும் உண்டு. அதனை நாம் இன்னும் பெரிதாக மதிக்கின்றோம். தூளில் இருப்பது இன்னதென்று கண்ணுக்குத் தெரியாது. சிக்கரி என்பது காப்பியன்று. குஜராத்திலும் உத்தரப் பிரதேசத்திலும் பயிராகும் ஒரு செடியின் வேரை வறுத்து இடித்தது. அதில் காப்பிக்குரிய கஃபீன் என்னும் சத்துச் சிறிதும் இல்லை. காப்பியும் சிக்கரியும் கலந்த தூளில் நூற்றுக்கு 51 பங்கேனும் காப்பி இருக்கவேண்டும் என்பது சட்டம். கலவையின் அளவை உறையின்மேல் அச்சிடவும் வேண்டும். ஆகவே நூற்றுக்கு 49 பங்கு வேரை வாங்கிக் காப்பியென்று குடிப்பதற்குச் சட்டம் தடையன்று. சிக்கரிச் சுவையை விரும்புவாரை யாம் குறை கூறவில்லை. டிகாக்ஷனுக்கு நிறமும் கனமும் அதனால் உண்டாகின்றன. ஆயினும் எவ்வளவு சேர்ப்பது என்பதைத் தீர்மானிக்கவேண்டியவர் குடிப்பவரேயன்றி விற்பவரல்லர். கண்ணாடித் தம்ளரில் நீர் நிரப்பி, ஒரு சிட்டிகைத் தூளை மேலே தூவிப் பாருங்கள். காப்பித்தூள் சிறிது நேரம் மிதக்கும். சிக்கரி சில விநாடிகளிலேயே நிறக்கோடு இழுத்துக்கொண்டு கீழிறங்கும். கொட்டையாக வாங்குவோர்க்கு இச்சோதனையே வேண்டுவதில்லை. புளியங்கொட்டையை வறுத்துத் தூளில் கலக்கலாம். காப்பிக்கொட்டைக்குள் நுழைக்க ஒருவராலும் இயலாது.

இனி இயந்திரத்தின் இயல்பைக் காண்போம். நம் வீடுகளில் அரைக்கும் கருவிகள் இருவகை. ஒன்று திரிகை, மற்றொன்று மிக்ஸி. திரிகையில் இரண்டு கல்லுக்கும் இடையேயுள்ள வெளி எவ்வளவோ அவ்வளவே குருணையின் பருமன். மிக்ஸியிலோ கத்தி சுழன்று கண்டபடி அடிக்கின்றது. பல முறை அடிபட்டது மாவாகின்றது, அடிபடாது தப்பியது பாதிக்கொட்டையாகவே கிடக்கின்றது. அன்றியும் கத்தியின் வேகத்தால் தூள் சூடேறுகின்றது. காப்பி அரைக்கும் கையியந்திரம் திரிகையின் இனத்தைச் சேர்ந்தது. வரிப்பள்ளங்கள் வெட்டிய ஒரு கூம்பு நடுவில் நிற்கின்றது. அதனைச் சுற்றி உட்புறம் பல்லுடைய ஒரு வளையம் அமைந்திருக்கின்றது. கைப்பிடியைச் சுற்றினால் கூம்பு சுழன்று, மேலிருந்து விழும் கொட்டையை முதலில் உடைத்துப் பின்பு நொறுக்கிக் கீழே தள்ளுகின்றது. கூம்பைத் திருகினால் மேலேறும் அல்லது கீழிறங்கும். அதனால் இடைவெளி குறுகும் அல்லது விரியும். இயந்திரம் முழுவதும் இவ்வளவே.

இதில் விலை கொடுக்கவேண்டிய குணம் ஒன்றே. அதுதான் தூளின் ஒப்புமை. தூள் ஒரே பருமனாயிராவிடின், மாவாய்ப் போன பகுதி வெந்நீரில் அளவுக்கு மிஞ்சிக் கரைந்து கசப்பைத் தரும். பருத்த பகுதி கரையாமல் நின்று காப்பியை நீர்த்த புளிப்பாக்கும். மாவு பில்டரின் துளைகளையும் அடைக்கும். கசப்பும் நீர்ப்பும் ஒரே தம்ளரில் கூடியிருக்கக் கண்டால், கொட்டையைப் பழிப்பதற்கு முன் அரைப்பை ஐயுறுக. பனியன் கம்பெனிகளில் வேலை செய்வோர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. நிட்டிங் மிஷினில் ஆயிரக்கணக்கான ஊசிகளுள் ஒன்று பழுதுபட்டாலும், துணி நெடுக ஒரு கோடு விழுந்து விடுகின்றதன்றோ? அங்ஙனமே கூம்பைத் தாங்கும் அச்சு மயிரிழை ஆடினாலும், ஒருபுறம் இடைவெளி குறைந்தும் மறுபுறம் மிகுந்தும் போக, எவ்வளவு விலையுயர்ந்த எஃகும் பயன்படாதொழியும்.

ஆகையால் வாங்கப் போகும்போது முதலிற் பார்க்கவேண்டியது பளபளப்பன்று, அச்சு. கைப்பிடியைக் கழற்றிவிட்டு அச்சின் நுனியை விரலாற் பற்றிப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். அசைந்தால் வைத்துவிட்டு வரலாம். அச்சை மேலும் கீழுமாக இரண்டிடத்தில் பேரிங் தாங்கும்படி அமைந்தவையே உறுதியானவை. பித்தளை மூடியும் மரப்பெட்டியும் இழுப்பறையும் உடைய அழகிய இயந்திரங்களுட் சில கூடத்தில் வைத்துப் பார்ப்பதற்கே செய்யப்பட்டவை. அரைக்கப் புகுந்தால் பெட்டி ஓடிப்போகாமல் முழங்காலிடையே இடுக்கிக்கொள்ள வேண்டியதாகும்.

அடுத்தது கூம்பு எதனாலானது என்பது. பீங்கான் கூம்பு துருப்பிடியாது, விலையும் குறைவு. ஆனால் மெதுவாக அரைக்கும், கல் அகப்பட்டாலும் தரையில் விழுந்தாலும் உடையும். ஜப்பானியர் ஹாரியோ என்னும் பெயரால் செய்யும் சிறு இயந்திரங்களிற் பல இவ்வகையின. எஃகுக் கூம்பு விரைவாக வெட்டும், நீண்ட நாள் உழைக்கும். ஈரம் மட்டும் அதற்குப் பகை. கூடுமாயின் எஃகையே கொள்க என்போம். திருகும்போது படிப்படியாக ‘டிக்’ என்ற ஒலியுடன் நிற்கும் அமைப்பும் வேண்டும். இன்றேல் இன்று வாய்த்த பதம் நாளைக்கு வாராது. சோதித்துப் பார்க்க இசைவாராயின், பத்துக் கொட்டையை அரைத்துத் தூளை வெள்ளைப் பனியன் துணியொன்றின்மேல் பரப்பிப் பார்க்கலாம். அத்துணிக்கு இவ்வூரில் பஞ்சமில்லை. உடைந்த துண்டும் மாவும் கலந்திருந்தால் வெள்ளையின்மேல் உடனே தெரியும்.

இவற்றிற்கெல்லாம் மேலாக ஒன்றை எண்ணவேண்டும். அதனை விற்பவர் எவரும் சொல்லார். சுற்றப் போவது யார்? இரண்டு மூன்று தம்ளர் காப்பிக்கு ஏறக்குறைய 20 கிராம் தூள் வேண்டும். நல்ல எஃகுக் கூம்பில் அது ஒன்றிரண்டு நிமிஷ வேலை. பீங்கானில் அதனினும் இருமடங்கு ஆகலாம். நால்வர் உள்ள வீட்டிற்கு இது பொருந்தும். பத்துப் பேர் உள்ள வீட்டில் காலையும் மாலையும் நான்கு நான்கு முறை நிரப்பிச் சுற்றுவது, பெரும்பாலும் விடியுமுன் எழுந்து, முதல் ஷிப்டுக்குப் போவோர்க்குச் சோறும் கட்டிக் கொடுக்கும் தாயின் தலையிலேயே விழும். காப்பியின் மணத்தைப் புகழ்பவர் ஒருவர், கைவலி பெறுபவர் மற்றொருவர் என்றிருக்கும் வீட்டில் இக்கருவி புகாதிருத்தலே நன்று. அத்தகைய வீட்டார் கண்முன்னே வறுத்து அரைத்துத் தரும் காப்பிக்கடை அருகிலிருந்தால், வாரந்தோறும் சிறிது சிறிதாக அங்கே வாங்கிக்கொள்வதில் தாழ்வொன்றும் இல்லை. கடையிலுள்ள பெரிய இயந்திரம் ஒப்புமையாகவே அரைக்கும். மற்று, லைன் வீடுகளில் ஒற்றை அறையில் வாழ்வோர்க்கும், இருவர் மட்டும் உள்ள குடும்பத்தார்க்கும் கையியந்திரம் மிகப் பொருத்தமானது. இரவு ஷிப்டு முடித்து உறங்குவோரை அது மிக்ஸியைப்போல் அலறி எழுப்பாது. 2012ஆம் ஆண்டில் நம் மாவட்டங்களில் நேர்ந்ததுபோல் நாளிற் பாதி மின்சாரம் நின்றாலும் அது நிற்காது.

கையாளும் முறைக்கு வருவோம். வறுத்த நாள் அச்சிட்ட உறையாகப் பார்த்து, இரண்டு மூன்று வாரத்திற்கு ஆகும் அளவே வாங்குக. கொட்டையை முறத்திலிட்டு ஒருமுறை புடைத்துப் பார்த்துப் பின்னரே இயந்திரத்தில் இடவேண்டும். காப்பி களத்தில் உலர்வதாதலின், சிறு கல் கலந்து வருவது உண்டு. கொட்டைகளிடையே ஒரு கல் போதும், கூம்பின் பல்லை முறிக்க. வறுத்த சிக்கரியை ஒருபோதும் இதில் இடலாகாது. அது காற்றின் ஈரத்தை இழுத்துப் பசைபோல் ஒட்டிக்கொள்ளும். வேண்டுவோர் அதனைத் தூளாகவே வாங்கிப் பின்பு கலந்துகொள்க.

பதம் எது என்பது இயந்திரத்தின் எண்ணில் இல்லை. விரல் நுனியிலும் பில்டரிலுமே உள்ளது. கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே தேய்த்தால், நுண்மணல்போல் நறநறக்க வேண்டும். திருநீறுபோல் வழுக்கினால் மிகுதியாக அரைபட்டது. தூளைப் பில்டரின் மேற்பாத்திரத்தில் இட்டுக் குடைத்தட்டால் மெல்ல அமர்த்தி, 20 கிராமுக்கு 150 மில்லிலிட்டர் அளவில், கொதித்துச் சற்றே தணிந்த வெந்நீரை விடுக. பத்து முதல் இருபது நிமிஷத்திற்குள் டிகாக்ஷன் இறங்கினால் பதம் சரி. மூன்று நான்கு நிமிஷத்திலேயே ஓடி இறங்கினால், மறுநாள் ஒரு படி நெருக்குக. அரைமணி கழிந்தும் நீர் மேலே நின்றால், ஒரு படி தளர்த்துக. புதுக் கொட்டை வாங்குந்தோறும் இவ்வாறு இரண்டொரு நாள் திருத்த வேண்டிவரும். இவையெல்லாம் செய்தும் சுவை வாராவிடின், நீரை நோக்குக. இப்பகுதியில் ஆழ்குழாய்க் கிணற்று உப்புத்தண்ணீரில் இறக்கிய டிகாக்ஷனுக்கு எவ்வியந்திரமும் பொறுப்பாகாது. குழாயில் வரும் ஆற்றுநீரையே அதற்கென்று எடுத்து வைப்பது நலம்.

அரைத்து முடிந்தபின் மென்மையான தூரிகையாற் கூம்பையும் வளையத்தையும் துடைத்தல் போதும். வாரம் ஒருமுறை கழற்றித் துடைக்கலாம். நீரில் கழுவுதல் கூடாது. எஃகு துருவேறும், தங்கிய ஈரம் தூளைப் பூசணம் பிடிக்கச் செய்யும். பச்சரிசி போட்டு அரைத்துச் சுத்தம் செய்வது சிலர் வழக்கம். அரிசி காப்பியினும் கடினமானதாகையால் சிறு இயந்திரத்தின் அச்சுக்கு அது நன்றன்று. பனியன் கழிவுத்துணியால் துடைப்பதும் தகாது. அதன் பஞ்சு பல்லிடுக்கில் சிக்கிக்கொள்ளும். பஞ்சுத்தூசு மிதக்கும் ஊராதலின், வேலையில்லா நேரத்தில் மூடியிட்டே வைக்க. அச்சு கிறீச்சிட்டால் தையல் மிஷின் எண்ணெயில் ஒரு சொட்டு விடலாமென்று தோன்றும்; அவ்வெண்ணெய் இவ்வூரில் வீட்டுக்கு வீடு இருப்பதொன்று. விடவேண்டாம். அது கசிந்து தூளில் இறங்கினால், பல நாள் காப்பியில் அதன் நாற்றமே வீசும். கழற்றி, பேரிங்கில் அடைந்த தூளைத் தட்டி உதிர்த்து மீண்டும் பூட்டினால், பெரும்பாலும் ஒலி நின்றுவிடும்.