தில்லி குடிசைப் பகுதிகளில் பிறந்த எழுத்துப் பட்டறை

புது தில்லி: தலைநகரில் ஒரு குடிசைப் பகுதி அகற்றப்படும்போது அதைப் பற்றி எழுதப்படுபவை பெரும்பாலும் மூன்று வகையில் அடங்கிவிடும். ஒன்று நீதிமன்ற உத்தரவு, மற்றொன்று அதிகாரிகளின் கணக்கெடுப்புப் பட்டியல், மூன்றாவது மறுநாள் நாளிதழ்களில் வெளியாகும் செய்தி. இவற்றில் எதையும் அந்தப் பகுதியில் குடியிருந்தவர்கள் எழுதுவதில்லை.

இந்த நிலையை மாற்றிப் பார்க்கும் முயற்சி ஒன்று 2001-ஆம் ஆண்டு தில்லியில் தொடங்கியது. 'சைபர் மொஹல்லா' என்பது அதன் பெயர். 'மொஹல்லா' என்றால் நம்மூர் வழக்கில் பேட்டை அல்லது தெரு. குடிசைப் பகுதி மாணவர்களுக்கு மாற்றுக் கல்வி அளித்து வரும் 'அங்குர்' அமைப்பும், வளரும் சமுதாயங்களின் ஆய்வு மையத்தைச் (சி.எஸ்.டி.எஸ்.) சேர்ந்த 'சராய்' ஆய்வுப் பிரிவும் இணைந்து இதைத் தொடங்கின. அரசியல் அறிஞர் ரஜனி கோத்தாரியால் 1963-இல் நிறுவப்பட்டது சி.எஸ்.டி.எஸ்.

மூன்று இடங்கள்

லோக்நாயக் ஜெயபிரகாஷ் நாராயண் மருத்துவமனையை ஒட்டிய குடியிருப்பில் ஒரே ஓர் அறையில் முதல் பட்டறை அமைந்தது. அடுத்து, தெற்கு தில்லியில் உள்ள தட்சிணபுரியிலும், பின்னர் யமுனைக் கரையில் பிரகதி மைதானத்துக்கு அருகே இருந்த நங்லா மாஞ்சியிலும் தொடங்கப்பட்டது. இவற்றில் தட்சிணபுரி, 1970-களில் நகரின் மையப் பகுதிகளிலிருந்து அகற்றப்பட்ட மக்கள் குடியமர்த்தப்பட்ட இடம்.

வந்தவர்கள் பெரும்பாலும் 15 வயது முதல் 25 வயதுக்கு உள்பட்டவர்கள். படிப்பைப் பாதியில் விட்டவர்கள் அவர்களில் பலர். விலையில்லா மென்பொருள்கள் கொண்ட கணினிகள், ஒலிப்பதிவுக் கருவி, கேமரா ஆகியவை அங்கு இருந்தன. ஆனால், பட்டறையின் உயிர்நாடி கணினி அன்று. அன்றாடம் எழுதி வருவதும், எழுதியதை மற்றவர்கள் முன் வாசிப்பதும்தான்.

தெருக்குழாயடி, தேநீர்க் கடை, இரவில் கேட்கும் ஓசைகள், பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவர் என்று கண்ணெதிரே உள்ளவையே எழுதுபொருள். ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்பார்கள். விடுபட்டதைக் கேள்வியாக எழுப்புவார்கள். எழுதியவர் மீண்டும் தெருவுக்குச் சென்று பார்த்து வந்து திருத்தி எழுதுவார். பாடத்திட்டமோ தேர்வோ இல்லாத இந்த முறை, கேட்பதையும் எழுத்தின் ஒரு பகுதியாக ஆக்கியது.

இடிக்கப்பட்ட நங்லா

இந்தப் பயிற்சிக்கு யாரும் எதிர்பாராத சோதனை 2006-இல் வந்தது. யமுனைக் கரை ஆக்கிரமிப்புகளை அகற்றும் நீதிமன்ற உத்தரவுகளின் பேரில் நங்லா மாஞ்சி அந்த ஆண்டில் இடிக்கப்பட்டது. ஆற்றோரத் தாழ்நிலத்தை மண் கொட்டி மேடாக்கி மக்கள் உருவாக்கிய குடியிருப்பு அது.

அந்தக் காலகட்டத்தின் பொதுக்கருத்தையும் நினைவில் கொள்ள வேண்டும். பொது நிலத்தை ஆக்கிரமித்தவருக்கு இலவசமாக மாற்று இடம் தருவது, பிக்பாக்கெட் திருடனுக்குப் பரிசளிப்பது போன்றது என்று உச்ச நீதிமன்றம் 2000-இல் ஒரு வழக்கில் கூறியிருந்தது. 2010 காமன்வெல்த் விளையாட்டுப் போட்டிக்காகத் தலைநகரை அழகுபடுத்தும் பேச்சும் வலுத்திருந்தது.

மாற்று இடம் பெறுவதற்கு ஆவணமே அளவுகோல். 1990-க்கு முன்பிருந்தே வசித்ததை நிரூபித்தவர்களுக்கு 18 சதுர மீட்டர் மனை. 1998 வரை குடியேறியவர்களுக்கு 12.5 சதுர மீட்டர். அதன் பின் வந்தவர்களுக்கு ஒன்றும் இல்லை. குடும்ப அட்டையும், வி.பி. சிங் பிரதமராக இருந்தபோது 1990-இல் நடந்த கணக்கெடுப்பில் வழங்கப்பட்ட சிறிய உலோக வில்லையும் ஒரு குடும்பத்தின் தலைவிதியைத் தீர்மானித்தன. தகுதி பெற்றவர்களுக்கு இடம் ஒதுக்கப்பட்டதோ நகரின் மேற்கு எல்லையில், ஹரியாணாவை நெருங்கிய சவ்தா கேவ்ராவில். அங்கு மெட்ரோ ரயில் எட்டியது 2018-இல்தான்.

இத்தனையையும் பட்டறை இளைஞர்கள் உடனிருந்து எழுதினர். கணக்கெடுக்க வந்தவர்களின் கேள்விகள், தகரப்பெட்டிகளில் ஆவணங்களைத் தேடிய முதியவர்கள், இடிபாடுகளிலிருந்து செங்கல்லைப் பொறுக்கி எடுத்தவர்கள், புதிய இடத்தில் போட்ட முதல் கூரை என அந்த எழுத்து விரிந்தது.

புத்தகமாக

இப்படி மூன்று பகுதிகளிலும் எழுதப்பட்டவற்றின் தொகுப்பு, 'பஹுரூபியா ஷஹர்' என்ற தலைப்பில் 2007-இல் ராஜ்கமல் பதிப்பக வெளியீடாக ஹிந்தியில் வந்தது. இருபது இளம் எழுத்தாளர்கள் எழுதிய நூல் இது. 'பஹுரூபியா' என்பவர் நம் ஊர்ப் பகல்வேடக்காரரைப் போன்றவர். நாளுக்கொரு வேடம் பூண்டு தெருவில் வருபவர். நகரமும் அப்படித்தான் என்கிறது தலைப்பு. ஷ்வேதா சார்தா ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க, 'டிரிக்ஸ்டர் சிட்டி' என்ற பெயரில் பெங்குவின் நிறுவனம் 2010-இல் அதை வெளியிட்டது.

முயற்சி அத்துடன் நின்றுவிடவில்லை. பிரேம்சந்த் 1930-இல் தொடங்கிய 'ஹன்ஸ்' ஹிந்தி இலக்கிய இதழில், அங்குர் அமைப்பின் இளம் எழுத்தாளர்களுக்கெனத் தனிப்பகுதி ஒதுக்கப்பட்டது. அதன் தலைப்பு 'குஸ்பைட்டியே', அதாவது ஊடுருவியவர்கள். ஆக்கிரமிப்பாளர்கள் என்று தங்களைச் சுட்டும் சொல்லுக்கு இணையான ஒன்றையே இலக்கிய உலகில் நுழையும் அடையாளமாக அவர்கள் சூடிக்கொண்டனர்.

எழுத்தால் என்ன பயன்?

எழுதுவதால் வீடு பிழைத்ததா என்ற கேள்வி நியாயமானது. பிழைக்கவில்லை என்பதே உண்மை. ஒரு பக்கம்கூட இடிப்பை ஒரு நாள் தள்ளிப்போடவில்லை. குடிநீரும் பட்டாவும் கேட்டுப் போராட வேண்டியவர்களைக் கதை எழுத வைப்பது எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு.

ஆனால், அரசு ஏற்கும் ஆவணம் ஒரு குடும்பம் எந்தத் தேதியில் குடியேறியது என்பதை மட்டுமே சொல்லும். மேடு பள்ளத்தை நிரவியது யார், முதல் கைப்பம்பு எப்படி வந்தது, அடுத்த வீட்டாரை நம்பி வேலைக்குப் போன தாய்மார்கள் எத்தனை பேர் என்பதைச் சொல்லாது. இடம் மாறும்போது மக்கள் இழப்பது இவற்றைத்தான். இழப்பு இன்னதென்று எழுதப்படாதவரை அதற்கு ஈடு கேட்கவும் வழியில்லை.

இன்றும் தொடரும் கேள்வி

இது தமிழர்களுக்கு அந்நியமான செய்தி அன்று. தில்லி ஜங்புராவில் பாராபுலா வடிகாலை ஒட்டித் தமிழர்கள் பல பத்தாண்டுகளாக வாழ்ந்து வந்த 'மதராசி கேம்ப்', உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2025 ஜூன் 1-ஆம் தேதி இடிக்கப்பட்டது. அங்கிருந்த சுமார் 370 வீடுகளில் 215 குடும்பங்களே மாற்று வீட்டுக்குத் தகுதியுள்ளவையாக ஏற்கப்பட்டன. வீடு ஒதுக்கப்பட்டது நகரின் வடகோடியில் உள்ள நரேலாவில். அதே இடத்தில் அல்லது 5 கி.மீ. சுற்றளவுக்குள் மறுகுடியமர்த்துவதற்கே முன்னுரிமை என்கிறது தில்லி அரசின் 2015-ஆம் ஆண்டுக் கொள்கை.

நங்லா மாஞ்சி இன்று வரைபடத்தில் இல்லை. ஆயினும், அங்கு எப்படி வாழ்ந்தார்கள் என்பதை அறிய விரும்புவோருக்கு அங்கு வளர்ந்தவர்களே எழுதிய பக்கங்கள் இருக்கின்றன. மதராசி கேம்ப்பின் தமிழ் வாழ்க்கையை அப்படி எழுதி வைக்கப் போவது யார்?