நாலு ஏர் நின்றுபோன ஊர்

வார்ரம் பெர்சியைக் கொள்ளைநோய் அழிக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இங்கிலாந்தின் யார்க்ஷயரில், மால்ட்டன் என்ற சிறு நகரத்துக்குத் தென்கிழக்கே, சுண்ணாம்புக் குன்றுகளின் மடியில் கிடக்கிற ஆளில்லாத ஊர் இது. பேச்செடுத்தாலே, "ஓ, பிளேக்கில் செத்த ஊர்தானே?" என்கிறார்கள். லீட்ஸில் என் மகளுக்குப் பக்கத்து வீட்டுப் பெரியவரும் அப்படித்தான் சொன்னார். ஒரே வருஷத்தில் ஊரே மாண்டுபோயிற்று என்பது சொல்லவும் கேட்கவும் வசதியான கதை. நடந்தது அதைவிடச் சாதாரணமான சங்கதி. லாப நஷ்டக் கணக்குப் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாக ஊரைக் காலி செய்தார்கள்.

நான் நில அளவைத் துறையில் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவன். சங்கிலியும் புல வரைபடமும் கையுமாக வெயிலில் அலைந்த உத்தியோகம். எந்த நிலத்தில் கால் வைத்தாலும் பழைய வரப்பு எங்கே ஓடியது, வண்டிப்பாதை எந்தப் பக்கம் திரும்பியது என்று கண் தானாகத் தேடும். மகள் வீட்டுக்கு வந்த இடத்திலும் அந்தக் குணம் விடவில்லை. மருமகனை நச்சரித்துத்தான் அங்கே போனேன்.

கார் நிறுத்துமிடத்திலிருந்து ஊருக்கு ஒரு கிலோமீட்டருக்கு மேல் இறங்க வேண்டும். மழை பெய்திருந்தால் சரிவு வழுக்கும். கீழே போனதும் கண்ணில் படுவது கூரையில்லாத ஒரு மாதா கோயில், பாதி சரிந்த அதன் கோபுரம், ஒரு குளம், பின்னாளில் கட்டிய சிறு வீட்டு வரிசை. மற்றதெல்லாம் மாடு மேயும் புல்வெளி.

"மாமா, இங்க ஒண்ணுமே இல்லையே" என்றார் மருமகன்.

"இருக்கு மாப்பிள்ளை. மேட்டு மேல ஏறி, பள்ளத்தைப் பாத்து நடந்து வாங்க."

புல்லுக்கு அடியில் ஊர் அப்படியே படுத்திருக்கிறது. நீளமாகத் தாழ்ந்து ஓடுகிற பள்ளம் பழைய தெரு. பல நூற்றாண்டு மாட்டுக் குளம்பும் வண்டிச் சக்கரமும் அழுத்தி இறக்கிய தடம். அதன் ஓரமாக முழங்கால் உயரத்துக்கு மண் திட்டுகள் செவ்வகம் செவ்வகமாக ஓடுகின்றன. ஒவ்வொரு செவ்வகமும் ஒரு மனை. மனைக்குப் பின்னால் நீண்டு போவது கொல்லை. மேற்கே ஒரு வரிசை, கிழக்கே ஒன்று, வடக்கே ஒன்று, நடுவில் பொதுவான புறம்போக்குப் புல்வெளி. மனைகள் இருக்கும் ஒழுங்கைப் பார்த்தால், யாரோ உட்கார்ந்து அளந்து பிரித்துக் கொடுத்த நத்தம் என்று எனக்குத் தோன்றியது. ஆய்வாளர்களும் ஏறக்குறைய அதையேதான் சொல்கிறார்கள்: பிரபுக்களின் காலத்தில் திட்டமிட்டு அமைத்த ஊர்.

இந்தத் திட்டுகளை ஊர் என்று அடையாளம் கண்டு நாட்டுக்குச் சொன்னவர்களில் முக்கியமானவர் மோரிஸ் பெரஸ்ஃபோர்டு. அவர் தொல்லியலாளர் அல்ல, பொருளாதார வரலாறு படித்தவர். 1940களில் ரக்பி நகரில் முதியோர் கல்வி நடுவம் ஒன்றின் பொறுப்பாளராக இருந்தபோது, பழைய பண்ணை வரைபடங்களைக் கையில் வைத்துக்கொண்டு வயல்வெளிகளில் நடப்பது அவர் வழக்கம். இடைக்கால உழவர்கள் எருது பூட்டி உழுத நீளப் பார்கள் இங்கிலாந்தின் நடுப்பகுதியில் பல புல்வெளிகளில் இன்றும் அலை அலையாகத் தெரியும். வரைபடத்தில் உள்ள பாத்திகளும் தரையில் உள்ள அலைகளும் பொருந்துகின்றனவா என்று சரிபார்த்துக்கொண்டே வந்தவர், சில இடங்களில் உழவோடு சம்பந்தமில்லாத மேடு பள்ளங்களைக் கண்டார். அவை வீடுகள். வரி ஆவணங்களில் பெயர் இருந்து, தரையில் ஊர் இல்லாத இடங்கள் ஒவ்வொன்றாகச் சிக்கின. 1948இல் லீட்ஸ் பல்கலைக்கழகத்துக்கு விரிவுரையாளராக வந்தார். 1954இல் இங்கிலாந்தின் தொலைந்த ஊர்களைப் பற்றி அவர் எழுதிய நூல் வெளியானது. இன்று அப்படிப்பட்ட ஊர்களின் எண்ணிக்கையை 3,000 என்று சொல்கிறார்கள். வார்ரம் பெர்சி அவற்றில் ஒன்றுதான், ஆனால் அதிகம் தோண்டிப் பார்க்கப்பட்டது.

1950இல் பெரஸ்ஃபோர்டு மண்வெட்டியோடு இறங்கினார். அவருக்குத் தோண்டத் தெரியாது என்று வேலை தெரிந்தவர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். 1952இல் அரசுப் பணியில் இருந்த தொல்லியலாளர் ஜான் ஹர்ஸ்ட் வந்து சேர்ந்தார். அவர் இடைக்காலப் பானையோடுகளில் தேர்ந்தவர். காகிதம் படித்தவரும் மண் படித்தவரும் கூட்டுச் சேர்ந்து 1990 வரை, ஒவ்வொரு கோடையிலும் சில வாரங்கள், தன்னார்வலர்களைத் திரட்டித் தோண்டினார்கள். நாற்பது வருஷம்! அந்தக் காலத்தில் கோட்டையும் மடாலயமும் தோண்டினால்தான் மதிப்பு. குடியானவன் வீட்டில் என்ன கிடைக்கப்போகிறது என்பதுதான் அப்போதைய எண்ணம்.

தோண்டும் முறையையும் அவர்கள் மாற்றவேண்டி வந்தது. நம் அரிக்கமேட்டில் 1945இல் அகழாய்வு செய்த மார்ட்டிமர் வீலரின் முறை அப்போது எங்கும் பரவியிருந்தது: சதுரம் சதுரமாகக் குழி வெட்டி, இடையில் வரப்பு விட்டு, அந்த வரப்பின் முகத்தில் மண் அடுக்குகளைப் படிப்பது. செங்கல், கல் கட்டடங்களுக்கு அது சரி. வார்ரம் வீடுகளின் சுவர் எச்சமோ நாலு சுண்ணாம்புக் கல் அகலம், ஒரு கல் உயரம். அதே மனையில் ஒரு வீட்டின் மேல் இன்னொன்றைக் கோணம் மாற்றிக் கட்டியிருக்கிறார்கள். வரப்பு விட்டால் சுவரே வரப்புக்குள் மறைந்துபோகும். அதனால் டென்மார்க்கில் செய்வதுபோல் மனை முழுவதையும் ஒரே பரப்பாகத் திறந்து, ஒவ்வொரு அடுக்காக உரித்து, கிடைத்த ஒவ்வொரு துண்டின் இடத்தையும் குறித்தார்கள். பிரிட்டனில் இந்த முறை வேரூன்ற வார்ரம் பெரிய காரணம்.

அப்படி உரித்தபோது தெரிந்த ஒன்றைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. வீட்டுத் தரைகள் தட்டையாக இல்லை. நடுவில் குழிந்து, ஓரங்களில் ஏறி, தட்டுப்போல இருந்தன. காரணம் துடைப்பம். தினம் தினம் பெருக்கிப் பெருக்கி, மண் தரையே தேய்ந்து இறங்கியிருக்கிறது. பெருக்கிய குப்பை எருக்குழிக்குப் போய், அங்கிருந்து எருவோடு வயலுக்குப் போய்விட்டது. அதனால்தான் வீட்டுக்குள் பொருள்கள் அதிகம் அகப்படவில்லை. இடைக்காலக் குடியானவர்கள் அழுக்கில் புரண்டார்கள் என்று படம் போட்டுக் காட்டுகிறவர்கள் இந்தத் தரையைப் பார்க்க வேண்டும். வீடு நீளமாக இருக்கும்; நடுவில் குறுக்கு வழி, ஒரு பக்கம் ஆட்கள், மறுபக்கம் மாடுகள். முதலில் இவை ஒரு தலைமுறைகூடத் தாங்காத குடிசைகள் என்றுதான் அகழ்ந்தவர்களே எழுதினார்கள். பிறகு வந்த ஸ்டுவர்ட் ராத்மெல் மறுத்தார். வளைந்த பெருமரங்களை இணைத்துத் தச்சர்கள் நிறுத்திய உறுதியான சட்டகம் கூரையைத் தாங்கியது, சுவர் வெறும் மறைப்புதான் என்பது அவர் வாதம். சுவரை இடித்துக் கட்டினாலும் வீடு நிற்கும். எனக்கு அது நியாயமாகப் படுகிறது.

மாதா கோயிலைச் சுற்றித் தோண்டியதில் கிட்டத்தட்ட 700 பேரின் எலும்புகள் வெளிப்பட்டன. குழந்தைகளை ஒன்றரை வயது வரையிலாவது தாய்ப்பாலில் வளர்த்திருக்கிறார்கள் என்பதை எலும்பின் வேதியியல் காட்டியது. பால் மறந்த பிறகு வளர்ச்சி குன்றியது. அந்த ஊர்ப் பத்து வயதுப் பிள்ளை இன்றைய பிள்ளையைவிடப் பல அங்குலம் குட்டை. வீடுகளுக்கு நடுவே ஒரு குழியிலிருந்து கிடைத்த எலும்புகள் வேறு ரகம். 137 துண்டுகள், குறைந்தது பத்துப் பேருடையவை, 11 முதல் 14ஆம் நூற்றாண்டு வரை. இறந்த பின் வெட்டிய கத்தித் தடம், எரித்த தடம், உடைத்த தடம். வெளியூர்க்காரர்களோ என்று பல்லைச் சோதித்தார்கள், அக்கம்பக்கத்தில் வளர்ந்தவர்களே. செத்தவர் எழுந்து வந்து தொல்லை தருவார் என்று பயந்து ஊராரே செய்த காரியமாக இருக்கலாம் என்று 2017இல் வெளியான ஆய்வு சொன்னது. பத்திரிகைகள் இதைப் பிடித்துக்கொண்டன. ஊருக்குப் பேய்க் கதையும் சேர்ந்தது.

பேயும் பிளேக்கும் காலி செய்யவில்லை என்றால் யார்? கொள்ளைநோய் 1349இல் இந்தப் பக்கம் வந்தது உண்மை. ஆனால் 1368இல் ஊரில் 30 வீடுகள் இருந்தன. 1458இல் 16. பிளேக் போய் நூறு வருஷம் கழித்தும் பாதி ஊர் மிச்சம். நோய்க்குப் பிறகு நாடெங்கும் ஆள் குறைந்தது, கூலி ஏறியது. கூலியைப் பழைய அளவிலேயே கட்டிவைக்க 1351இல் சட்டம் போட்டும் பலிக்கவில்லை. வாயும் குறைந்ததால் தானிய விலை இறங்கியது. நல்ல மண்ணுள்ள ஊர்களில் நிலம் சும்மா கிடக்கும்போது, குன்றின்மேல் சுண்ணாம்புக் காட்டில் குத்தகை கொடுத்துக்கொண்டு எவன் இருப்பான்? இளசுகள் இறங்கிப் போனார்கள். ஆட்டு ரோமத்துக்கோ கிராக்கி. உழவுக்கு ஊர் முழுக்க ஆள் வேண்டும். மந்தைக்கு ஒரு இடையனும் நாயும் போதும்.

ஊர் அப்போது டர்ஹம் பக்கத்து ஹில்டன் குடும்பத்தின் கையில் இருந்தது. பிரபு வேறிடத்தில், கணக்கு ஏட்டில். ஊர்களை இடித்து மேய்ச்சல் நிலமாக்குவதைத் தடுக்க 1489இலேயே சட்டம் வந்துவிட்டது. சட்டம் வந்தால் நின்றுவிடுமா? 1517இல் மன்னரின் முதன்மை அமைச்சர் வோல்சி நாடு முழுவதும் விசாரணை வைத்தார். வார்ரம் பெர்சியில் ஹில்டன் பிரபு நாலு ஏரை நிறுத்தினார், நாலு வீட்டை அழித்தார் என்று விசாரணையில் பதிவானது. விசாரணைக்கு எடுத்துக்கொண்டது 1488க்குப் பிந்தைய காலத்தை. ஆக, 1500ஐ ஒட்டி வெளியேற்றப்பட்டவை கடைசி நாலு குடும்பங்கள். அவர்கள் பெயர் அந்தப் பதிவில் இல்லை. ஏர்க் கணக்கு இருக்கிறது. நானும் ஏக்கர், சென்ட் எழுதிப் பிழைத்தவன். பதிவேட்டுக்காரன் எதை எழுதுவான், எதை விடுவான் என்று எனக்குத் தெரியும்.

ஊர் போன பின்னும் மாதா கோயில் போகவில்லை. வார்ரம் பெர்சியோடு திக்ஸன்டேல், ரெய்ஸ்தார்ப், பர்டேல், டவ்தார்ப் என்று ஐந்து ஊர்களுக்கு அது ஒரே கோயில். மற்ற ஊர்க்காரர்கள் குன்று ஏறி இறங்கி ஞாயிறுதோறும் வந்தார்கள், பிணத்தையும் தூக்கி வந்தார்கள். ஊர் பெருத்த காலத்தில் இரு பக்கமும் இறக்கிக் கட்டிய பக்கக்கூடங்களை, ஊர் இளைத்ததும் இடித்துவிட்டு வளைவுகளைக் கல்லால் அடைத்திருக்கிறார்கள். அந்த அடைத்த வளைவுகள் சுவரில் இன்றும் தெளிவாகத் தெரிகின்றன. ஊரின் ஜனத்தொகையை இத்தனை நேராகச் சொல்லும் சுவரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. 1870இல் திக்ஸன்டேலுக்குத் தனிக் கோயில் வந்தது, இதற்கு வரத்து குறைந்தது. 20ஆம் நூற்றாண்டின் நடுவில் வழிபாடு நின்றது. கூரையின் ஈயத்தைத் திருடினார்கள்; 1959இல் கோபுரம் பாதி சரிந்தது.

ஆளில்லாத ஊர் என்றால் ஆங்கிலேயர்கள் அதிகம் போய்ப் பார்ப்பது தெற்கே டார்செட்டில் உள்ள டைனம் ஊரைத்தான். 1943 டிசம்பரில் ராணுவப் பயிற்சிக்காக 225 பேரை வெளியேற்றினார்கள். போர் முடிந்தால் திரும்பலாம் என்று நம்பிப் போனார்கள். நிலம் ராணுவத்திடமே தங்கிவிட்டது. அங்கே பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் பெயர் இருக்கிறது, புகைப்படம் இருக்கிறது. பார்ப்பவர் கண் கலங்குவதில் வியப்பில்லை. வார்ரம் பெர்சிக்கு அந்த வசதி இல்லை. அழ ஒரு பெயர்கூடக் கிடையாது. அதற்குப் பதில் 13 தொகுதி அறிக்கைகள் இருக்கின்றன, கடைசித் தொகுதி 2012இல் வந்தது. இத்தனைக்கும் தோண்டியது ஊரின் சிறு பகுதியைத்தான்.

இப்போது இந்த இடத்தை இங்கிலிஷ் ஹெரிட்டேஜ் என்ற பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பு பராமரிக்கிறது. நுழைவுக் கட்டணம் இல்லை. நல்ல காலணி வேண்டும், மாடுகளுக்கு ஒதுங்கிப் போகவேண்டும். நடுப்பகலில் போகாதீர்கள். உச்சி வெயிலில் மேடும் பள்ளமும் ஒரே பச்சையாகத் தெரியும், என் மருமகன் சொன்னதுதான் உங்களுக்கும் தோன்றும். வெயில் சாய்ந்த பிறகு மேற்கு வரிசையின் மேல் நில்லுங்கள். திட்டுகளின் நிழல் ஒரு பக்கமாக நீண்டு விழும்போது மனை மனையாக எண்ணலாம்.