சிங்கக் கெபியில் நின்ற முதியவர்

ஞாயிற்றுப் பள்ளியில் பயின்றவர் எவரும் அந்தப் படத்தை மறந்திருக்க மாட்டார்கள். மீசை அரும்பாத இளைஞன் ஒருவன் கைகூப்பி நிற்கிறான். அவனைச் சுற்றிச் சிங்கங்கள் பூனைக்குட்டிகளைப் போல் படுத்திருக்கின்றன. மேலேயிருந்து ஒளிக்கற்றை ஒன்று விழுகிறது. படத்தின் கீழ், 'சிங்கக் கெபியில் தானியேல்' என்று எழுதியிருக்கும். தோட்டத்துச் சிற்றாலயத்தின் சுவரில் தொங்கிய அப்படத்தைப் பார்த்தே நானும் வளர்ந்தேன்.

ஆசிரியனான பின்னர் ஒரு நாள் பிள்ளைகளுக்கு அக்கதையைச் சொல்ல முற்பட்டபோது, ஆண்டுகளைக் கணக்கிட்டுப் பார்த்தேன். வியப்பாயிற்று. தானியேல் புத்தகம் கூறும் வரலாற்றின்படி, எருசலேமிலிருந்து அவர் கொண்டுபோகப்பட்டது கி.மு. 605 வாக்கில். பாபிலோன் நகரம் பாரசீகர் வசமானது கி.மு. 539-இல். சிங்கக் கெபி நிகழ்ச்சி அதற்கும் பிற்பட்டது. நாடு கடத்தப்பட்டபோது அவருக்குப் பதினைந்து வயது என்று கொண்டாலும், கெபியில் போடப்பட்டபோது எண்பதைத் தாண்டியிருக்க வேண்டும். ஆகவே அங்கு நின்றவர் இளைஞர் அல்லர்; நரைத்த தலையும் தளர்ந்த நடையுமுடைய முதியவர்.

இது வெறும் கணக்கு என்று தள்ளிவிடத்தக்கதன்று. இக்கணக்கு தெரிந்தால் கதையின் பொருளே வேறாகிறது. கெபியில் காணப்பட்ட அஞ்சாமை அன்று காலையில் திடீரெனப் பிறந்ததில்லை. அறுபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னர், ஒரு சாப்பாட்டு மேசையின் முன் ஒரு சிறுவன் செய்த சிறு முடிவில் அது வேர்விட்டது. அந்தச் சிறு முடிவைப் பற்றியே நம் கிறிஸ்தவ வாலிபர்களுக்குச் சில சொல்ல விரும்புகிறேன். மற்றச் சமயத்தாரும் கேட்கலாம். இதில் அவர்க்கும் பயன் உண்டு.

அயல் மண்ணில் ஓர் ஊர்

யூதா நாட்டு மன்னன் யோயாக்கீமின் காலத்தில், பாபிலோன் அரசன் நேபுகாத்நேச்சார் எருசலேமை வளைத்தான். கோயிற் பாத்திரங்களோடு நற்குடிப் பிள்ளைகளையும் கொண்டுசென்றான். அறிவும் அழகும் உள்ள பிள்ளைகளைப் பொறுக்கியெடுத்து, மூன்றாண்டு பயிற்சி அளித்து, அரண்மனை உத்தியோகத்தில் அமர்த்துவது அவன் திட்டம். அவர்களுள் தானியேல், அனனியா, மீஷாவேல், அசரியா என்னும் நால்வரும் இருந்தனர்.

பின்னர்ப் பெருந்தொகையான யூதர்கள் கொண்டுவரப்பட்டனர். அவர்கள் எல்லாரும் அரண்மனைக்குச் செல்லவில்லை. பாபிலோனிய நாட்டில் யூதர் குடியேறி வாழ்ந்த 'அல்-யாகூது' என்ற ஊரைப் பற்றிய களிமண் ஏடுகள் கிடைத்துள்ளன. யூதாவின் ஊர் என்பதே அப்பெயரின் பொருள். நூற்றுக்கு மேற்பட்ட ஏடுகளைக் கொண்ட தொகுப்பு ஒன்று 2014-இல் அச்சாயிற்று. அவற்றில் என்ன இருக்கிறது? வாற்கோதுமைக் குத்தகை, பேரீச்சம்பழ விளைச்சல், வரி, கடன், மாடு ஆகியவற்றின் கணக்கு! அக்கணக்குகளின் நடுவே தங்கள் கடவுளின் பெயரைத் தம் பெயரிலேயே தாங்கிய யூதக் குடியானவர்களைக் காண்கிறோம்.

இதைப் படிக்கும்போது நம் பாட்டன்மார் நினைவுக்கு வருகின்றனரன்றோ? அவர்களைச் சிறைபிடித்து எவரும் கொண்டுவரவில்லை என்பது உண்மையே. ஆயினும் கப்பலேறி வந்து, பிறர் நிலத்தில் பால்மரம் வெட்டி, பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடக் கேட்டு, தோட்டத்துக் கணக்குப் புத்தகத்தில் ஒரு வரியாக வாழ்ந்தவர்கள் அவர்கள். அந்த லயங்களிலும் கோயில் எழுந்தது, சிற்றாலயம் எழுந்தது, பள்ளிக்கூடம் எழுந்தது.

அவர் ஏற்றுக்கொண்டவை

தானியேல் எதை மறுத்தார் என்பதைப் பலரும் பேசுவர். எவற்றை ஏற்றுக்கொண்டார் என்பதைப் பேசுவோர் சிலரே. முதலில் அதை நோக்குவோம்.

கல்தேயரின் எழுத்தையும் மொழியையும் கற்கும்படி கட்டளை பிறந்தது. அது எளிய படிப்பன்று. ஈரக் களிமண்ணில் ஆணி முனை போன்ற குறிகளைப் பதித்து எழுதும் எழுத்து அது. அதில் நூற்றுக்கணக்கான குறிகள் உண்டு. வேற்றுத் தெய்வங்களின் கதைகளும் விண்மீன்களின் கணக்கும் நிறைந்தது அக்கல்வி. நால்வரும் அதை வேண்டாமென்று சொல்லவில்லை. கற்றார்கள், கற்று, அந்நாட்டு அறிஞர்களைக் காட்டிலும் பத்து மடங்கு சிறந்து விளங்கினார்கள் என்கிறது வேதாகமம். தானியேல் புத்தகமே ஒரு பகுதி எபிரேயத்திலும் ஒரு பகுதி அரமேயத்திலும் எழுதப்பட்டிருக்கிறது. தாய்மொழியையும் நாட்டு வழக்கிலிருந்த மொழியையும் ஒருங்கே போற்றிய சமுதாயத்தின் நூல் அது.

பெயரையும் மாற்றினார்கள். 'தேவன் என் நீதிபதி' என்று பொருள்படும் தானியேல், பெல்தெஷாத்சார் ஆனார். மற்ற மூவரும் சாத்ராக், மேஷாக், ஆபேத்நேகோ ஆயினர். அதற்காக அவர்கள் கலகம் செய்ததாகக் காணவில்லை. பிறர் எந்தப் பெயரால் அழைத்தாலும் தாம் யார் என்பதை அவர்கள் மறக்கவில்லை.

நம் பிள்ளைகள் தமிழும் மலாயும் ஆங்கிலமும் கற்கிறார்கள். மூன்று மொழி பாரம் என்று பெற்றோர் சிலர் என்னிடம் குறைப்பட்டுக்கொள்வதுண்டு. வேறு சிலர், அயல் கல்வி பிள்ளையின் பக்தியைக் கெடுக்கும் என்று அஞ்சுகின்றனர். இரு சாராருக்கும் தானியேலே விடை. கல்வியால் அவருடைய பக்தி குறையவில்லை. பக்தியைக் காரணம் காட்டி அவர் கல்வியில் சோம்பவும் இல்லை. மூன்றாம் படிவத்தில் கணக்கில் தோற்றுவிட்டு, 'நான் சபை வேலையில் இருந்தேன்' என்று சொல்லும் வாலிபன் தானியேலைச் சரியாகப் படிக்காதவன்.

அவர் மறுத்தது ஒன்று

இவ்வளவையும் ஏற்றவர், அரசன் உண்ணும் உணவையும் அவன் பருகும் திராட்சரசத்தையும் தமக்கு வேண்டாமென்று மனத்தில் தீர்மானம் செய்துகொண்டார். பருப்பு முதலிய மரக்கறியும் தண்ணீரும் போதும் என்றார்.

இவ்விடத்தில் நம்மவர் ஒரு தவறு செய்வதுண்டு. மரக்கறி உணவின் உயர்வைச் சொல்லும் கதையாக இதை எடுத்துக்கொள்கின்றனர். அதே புத்தகத்தின் 10-ஆம் அதிகாரத்தைப் பார்த்தால் ஐயம் தீரும். மூன்று வாரம் துக்கம் காத்த காலத்தில் இறைச்சியையும் திராட்சரசத்தையும் தவிர்த்ததாக அங்கே தானியேல் சொல்கிறார். அப்படியானால் மற்ற நாட்களில் அவர் அவற்றைக் கொண்டிருக்கலாம் என்றுதானே ஆகிறது? ஆகவே செய்தி உணவைப் பற்றியதன்று. அரசனுடைய மேசையில் உண்பது தம்மைத் தீட்டுப்படுத்தும் என்று அவர் கருதினார். மோசேயின் சட்டம் விலக்கிய உணவு அதில் இருந்திருக்கலாம். விக்கிரகங்களுக்குப் படைத்ததாக இருந்திருக்கலாம். எதுவாயினும், 'இதுவரை வருவேன், இதற்கப்பால் வரமாட்டேன்' என்று ஒரு கோடு கிழித்தார். மொழிக்கும் படிப்புக்கும் பெயருக்கும் கிழிக்காத கோட்டை இங்கே கிழித்தார்.

எல்லாவற்றையும் மறுப்பவன் ஊரோடு ஒட்டான். எல்லாவற்றையும் ஏற்பவன் தன்னையே இழப்பான். எதை ஏற்பது, எதை மறுப்பது என்று பகுத்தறிவதே இளமையில் பயில வேண்டிய கல்வி.

அவர் மறுத்த முறையும் கவனிக்கத்தக்கது. தட்டைத் தள்ளிவிட்டு அவர் கூச்சலிடவில்லை. முதலில் பிரதானிகளின் தலைவனிடம் பணிவாக வேண்டினார். அத்தலைவனுக்கு இவர்மீது அன்பிருந்தும், பிள்ளைகள் மெலிந்துபோனால் தன் தலை போய்விடுமே என்று அஞ்சினான். அந்த அச்சம் நியாயமானதென்று உணர்ந்த தானியேல், அவனுக்குக் கீழிருந்த விசாரிப்புக்காரனிடம் சென்று ஒரு வழி சொன்னார்: பத்து நாள் சோதித்துப் பாரும், பின்னர் எங்கள் முகத்தையும் மற்றவர் முகத்தையும் ஒப்பிட்டு நீரே முடிவு செய்யும். கொள்கையில் உறுதி, பேச்சில் பணிவு, பிறர் இக்கட்டை உணரும் உள்ளம் ஆகிய மூன்றும் அங்கே ஒன்றாக இருந்தன. ஆசிரியர் பயிற்சியில் நான் படித்த எந்தப் பாடத்தையும்விட, பிள்ளைகளை நடத்துவதற்கு இந்தப் பத்து நாள் சோதனை எனக்கு அதிகம் உதவியிருக்கிறது.

ஒரு மாணவனின் கேள்வி

இப்போது இங்குள்ள நிலைக்கு வருவோம். ஜொகூர்த் தோட்டங்களில் பல ரப்பரிலிருந்து செம்பனைக்கு மாறிவிட்டன. லயங்கள் பல காலியாகிவிட்டன. நம் வாலிபர்கள் ஜொகூர் பாருவிலும் பாசிர் கூடாங்கிலும் வேலை தேடுகிறார்கள். விடியுமுன்னே மோட்டார் சைக்கிளில் புறப்பட்டு, 1924-இல் திறக்கப்பட்ட கடற்பாலத்தைக் கடந்து சிங்கப்பூர் சென்று திரும்புவோரும் மிகப் பலர். இவர்களுக்கும் ஒரு பாபிலோன் உண்டு; அதற்கும் ஒரு மேசை உண்டு.

சில ஆண்டுகளுக்கு முன் என் பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். குடியால் தகப்பனை இழந்தவன் அவன். தாய் பால்வெட்டி வளர்த்த பிள்ளை. ஒரு நிறுவனத்தில் நல்ல வேலையில் இருந்தான்.

"ஐயா, மாதக் கடைசியில் மேலாளர் எங்களை விருந்துக்கு அழைத்துப்போகிறார். அங்கே எல்லாரும் குடிக்கிறார்கள். நான் மட்டும் குடிப்பதில்லை. கூடிப் பழகாதவனுக்குப் பதவி உயர்வு கிடைக்காது என்கிறார்கள். ஒரு கிளாஸ்தானே, என்ன செய்யட்டும்?" என்று கேட்டான்.

நான் தானியேலின் கதையைச் சொன்னேன். "விருந்துக்குப் போ, எல்லாரோடும் சிரித்துப் பேசு. மேலாளரிடம் தனியாக, மரியாதையாக, உன் தகப்பன் கதையைச் சொல். கிளாஸில் மட்டும் தண்ணீர் இருக்கட்டும்" என்றேன். அவன் அவ்வாறே செய்தான். மேலாளர் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. ஆனால் அவ்வாண்டு பதவி உயர்வு வேறொருவருக்குப் போயிற்று.

அவன் மறுபடி வந்தபோது எனக்குச் சங்கடமாயிருந்தது. "தானியேலுக்குக் கிடைத்ததே ஐயா, எனக்கு ஏன் கிடைக்கவில்லை?" என்றான். நாம் சொல்லும் கதைகளில் நல்லவன் உடனே உயர்ந்துவிடுகிறான். வாழ்க்கை அப்படியில்லையே! அன்று அவனுக்கு 3-ஆம் அதிகாரத்தை எடுத்துக்காட்டினேன். பொற்சிலையை வணங்க மறுத்த மூன்று நண்பர்களையும் அக்கினிச் சூளையில் போடுவதாக அரசன் மிரட்டினான். எங்கள் தேவன் எங்களைத் தப்புவிக்க வல்லவர் என்று சொன்ன அம்மூவரும், அப்படித் தப்புவிக்காமற்போனாலும் சிலையை வணங்கமாட்டோம் என்றார்கள். 'தப்புவிக்காமற்போனாலும்' என்ற அந்த நினைவுதான் விசுவாசத்தின் உரைகல். பலன் கருதிச் செய்யும் நன்மை வியாபாரம்.

அவன் நெடுநேரம் பேசாமல் இருந்தான். பின்பு, "என் மகனுக்கு அப்பா இருப்பான், ஐயா. அது போதும்" என்றான். கற்பிக்கச் சென்ற நான் கற்றுக்கொண்டு எழுந்தேன்.

நண்பர்களும் அலுவலகமும்

தானியேல் தனியாக நிற்கவில்லை என்பதையும் மறத்தலாகாது. அரசன் கண்ட கனவை விளக்கத் தவறினால் உயிர்போகும் என்ற நிலையில், அவர் முதலில் வீட்டுக்குச் சென்று மூன்று தோழரிடமும் சொல்லி, நால்வரும் ஒன்றாக வேண்டிக்கொண்டனர். ஊரைவிட்டுச் செல்லும் வாலிபனுக்குச் சம்பளத்திற்கு அடுத்தபடி தேவை நல்ல நண்பர் மூவர். அடிதடிக் கும்பல்களில் சிக்கிய நம் பிள்ளைகளில் பலர் கெட்ட எண்ணத்தோடு அங்கே போனவர்களல்லர், தனிமையால் போனவர்கள். வாலிபர் சங்கங்கள் பாட்டுப் போட்டியோடு நில்லாமல், நகரத்து வாடகை அறைகளிலிருக்கும் நம் பிள்ளைகளைத் தேடிச் செல்லவேண்டும்.

முதுமையில், 120 தேசாதிபதிகளுக்கு மேலான மூன்று பிரதானிகளில் ஒருவராகத் தானியேல் இருந்தார். பொறாமை கொண்டோர் அவருடைய அரசாங்க வேலையில் குற்றம் தேடினர்; ஒன்றும் அகப்படவில்லை. ஆதலின் அவருடைய பக்தியையே குற்றமாக்கச் சட்டம் செய்தனர். முப்பது நாள் அரசனைத் தவிர வேறெவரிடமும் விண்ணப்பம் செய்தலாகாது என்பது சட்டம். அதை அறிந்தும் அவர் வீட்டுக்குச் சென்று, எருசலேமை நோக்கித் திறந்திருந்த பலகணியருகே, முன்பு செய்துவந்தபடியே நாளுக்கு மூன்று வேளை மண்டியிட்டார். புதிதாக வீரம் எதையும் அவர் காட்டவில்லை. வழக்கத்தை நிறுத்தவில்லை, அவ்வளவே.

இப்புத்தகத்தின் இறுதி வடிவம் கி.மு. 2-ஆம் நூற்றாண்டில், அந்தியோகஸ் மன்னன் யூதரைத் துன்புறுத்திய காலத்தில் அமைந்தது என்று ஆராய்ச்சியாளர் பலர் கருதுகின்றனர். தானியேலின் காலத்ததே என்பது மரபு. எப்படியாயினும், தம் வழக்கத்தைக் கைவிடும்படி நெருக்கப்பட்ட தலைமுறைகள் பலவற்றிற்கு இக்கதை ஊன்றுகோலாயிருந்தது என்பதில் ஐயமில்லை.

வாலிபர்களே! உங்களை எந்தச் சிங்கமும் இன்று எதிர்நோக்கவில்லை. உங்கள் முன் இருப்பது ஒரு கிளாஸ், ஒரு பொய்க் கணக்கு, படிக்காமல் மூடிவைத்த ஒரு புத்தகம், தாய்க்கு எழுதாமல் விட்ட நாலு வரி. இவை சிறியவைதாம். ஆனால் எண்பது வயதில் நீங்கள் யாராக இருப்பீர்கள் என்பது இவற்றில்தான் தீர்மானமாகிறது. தானியேலின் படத்தை மறுபடி பார்க்கும்போது, அந்த முகத்தில் நரையையும் சுருக்கத்தையும் சேர்த்துப் பாருங்கள். அதன்பின், தட்டைப் பணிவோடு மறுத்த பதினைந்து வயதுச் சிறுவனை எண்ணிப் பாருங்கள். இருவரும் ஒருவரே.