வானின் விரிவை அளந்தோர்

நம் மேடைகளில் அடிக்கடி ஒலிக்கும் செய்தி ஒன்றுண்டு. பேரண்டம் விரிந்துகொண்டே செல்கிறது என்பதை மேலைநாட்டார் 1929-ஆம் ஆண்டில்தான் கண்டறிந்தனர். திருக்குர்ஆனின் 51-ஆம் அத்தியாயம் 47-ஆம் வசனமோ அதனை என்றோ கூறிவிட்டது என்பதே அச்செய்தி. அவ்வசனத்தின் இறுதிச் சொல்லாகிய ‘மூஸிஊன்’ என்பதற்கு ‘விரிவாக்குவோர்’ எனப் பொருள்கொண்டு இவ்வாறு உரைக்கின்றனர். குத்துக்கல்வலசையிலிருந்தும் தென்காசி வட்டாரத்திலிருந்தும் நம்மிடம் ஓத வரும் மாணவர்கள் இதுபற்றி வினவும்போது, நாம் அவர்களைத் திருப்பிக் கேட்பதுண்டு: 1929-இல் கண்டறிந்தவர்கள் எதனைக் கண்டார்கள்? எவ்வாறு கண்டார்கள்? பெரும்பாலும் விடை கிடைப்பதில்லை. அவ்விடையை முதலில் கூறுவோம்; சொல்லின் பொருளைப் பின்னர்ப் பார்ப்போம்.

ஒரு பொருள் விலகிச் செல்கிறது என்று துணிவதற்கு இரண்டு அளவுகள் வேண்டும். அது எவ்வளவு தொலைவில் உள்ளது என்பது ஒன்று. எவ்வளவு வேகத்தில் செல்கிறது என்பது மற்றொன்று. விண்மீன்கள்வரை நூல் பிடித்து அளக்க இயலாது. அங்கிருந்து நம்மை வந்தடைவது ஒளி. அதன் பொலிவிலிருந்து தொலைவையும், அதன் நிறமாலையிலிருந்து வேகத்தையும் கணிக்க மனிதர் படிப்படியாகக் கற்றுக்கொண்டனர்.

பொலிவை முறையாகப் பதிந்தோருள் நம்மவர் ஒருவர் முன்னிற்கிறார். ரய் நகரில் பிறந்த அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபி, ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டில், கி.பி. 964 அளவில், ‘ஸுவருல் கவாகிபிஸ் ஸாபிதா’ என்னும் நூலை இயற்றினார். எட்டு நூற்றாண்டுகளுக்கு முன் தாலமி எழுதிவைத்த பட்டியலை அவர் அப்படியே பெயர்த்தெழுதவில்லை. விண்மீன்களின் பொலிவைத் தம் கண்ணால் ஆராய்ந்து, மாறுபட்ட இடங்களில் மாறுபாட்டைக் குறித்தார். அரபிகள் மீனாக உருவகித்த விண்மீன் கூட்டமொன்றின் வாயருகே முகில் திட்டு ஒன்று தென்படுவதாகவும் எழுதினார். இன்று ஆந்த்ரோமீடா எனப்படும் விண்மீன் மண்டலத்தைப் பற்றி நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய எழுத்துச் சான்று அதுவே. தை மாதத்தில் நிலவற்ற முன்னிரவொன்றில், தெருவிளக்கின் ஒளி படாத வயல்வெளியில் நின்று வடமேற்கே நோக்கினால், அத்திட்டை நாமும் வெறுங்கண்ணால் காணலாம். குற்றாலச் சாரல் காலத்தில் இம்முயற்சி வேண்டா, மேகமே மிஞ்சும்.

முதல் தரம், இரண்டாம் தரம் என ஆறு தரங்களாகப் பொலிவைப் பிரித்த அந்தப் பழைய முறைக்கு 1856-இல் திட்டமான கணக்கு வகுத்தவர் நார்மன் போக்சன். ஐந்து தர வேறுபாடு நூறு மடங்கு ஒளி வேறுபாட்டிற்குச் சமம் என்றார் அவர். அதன்படி ஒரு தரத்திற்கும் அடுத்த தரத்திற்கும் ஏறத்தாழ 2.512 மடங்கு வேறுபாடு. 1861-இல் சென்னை வானாய்வுக் கூடத்தின் பொறுப்பேற்ற அவர், 1891-இல் மறையும்வரை அங்கேயே பணியாற்றினார். நுங்கம்பாக்கத்தில் 1792-இல் எழுந்த அக்கூடத்தில், கருவி அசையாதிருக்க நடப்பெற்ற கருங்கல் தூண் இன்றும் வானிலை மைய வளாகத்தில் நிற்கிறது. அதில் தமிழ் எழுத்தும் பொறிக்கப்பட்டுள்ளது. குத்துக்கல்லின் பெயர் தாங்கிய ஊரார்க்கு அவ்வானியல் குத்துக்கல்லின் மீது தனிப்பற்று ஏற்படின் வியப்பில்லை!

அக்கூடத்தில் பணிபுரிந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி, பொலிவு மாறும் விண்மீன் ஒன்றை 1867-இல் கண்டறிந்தார். மாறும் விண்மீன்கள் அன்று புதுமைப் பொருள்களாகவே கருதப்பட்டன. அவற்றுள் செஃபீட் என்னும் ஒரு வகையே தொலைவளக்கும் கோலாகும் என்பது பின்னர் விளங்கிற்று. அமெரிக்காவின் ஹார்வர்ட் வானாய்வுக் கூடத்தில் புகைப்படத் தகடுகளை ஆராயும் பணியிலிருந்த ஹென்ரியட்டா லெவிட் என்னும் பெண்மணி, 1912-இல் 25 செஃபீட் விண்மீன்களை ஒப்பிட்டு, பொலிவு ஏறி இறங்கும் காலம் நீள நீள விண்மீனின் உண்மையான ஒளியும் மிகுதியாகிறது என்று காட்டினார். உண்மை ஒளி தெரிந்துவிட்டால், அது எவ்வளவு மங்கித் தெரிகிறது என்பதைக்கொண்டு தொலைவைக் கணக்கிட்டுவிடலாம்.

இனி வேகம். செங்கோட்டை நோக்கி விரையும் இரயிலின் ஊதல், நம்மை நெருங்கும்போது உச்சமாகவும் கடந்தபின் தாழ்ந்தும் ஒலிப்பதைத் தென்காசியில் கேளாதார் இலர். ஒளிக்கும் இவ்வியல்புண்டு. நெருங்கும் பொருளின் நிறமாலைக் கோடுகள் நீலத்தின் பக்கமும், விலகும் பொருளின் கோடுகள் சிவப்பின் பக்கமும் நகரும். 1909-இல் கொடைக்கானல் வானாய்வுக் கூடத்தில் ஜான் எவர்ஷெட், சூரியக் கரும்புள்ளிகளின் விளிம்பில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை இக்கோடுகளின் நகர்வைக்கொண்டே கண்டறிந்தார். அவ்வோட்டம் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. பதினைந்து கோடி கி.மீ. தொலைவு எனச் சிறுவர் நூல்கள் தயங்கித் தயங்கிச் சொல்லும் அச்சூரியனில் வாயு நகரும் வேகத்தைப் பழனி மலையிலிருந்தே அளக்க முடிந்தது என்பது சிறிய செய்தியன்று.

மூன்றாண்டுகள் கழித்து, 1912-இல், அமெரிக்காவின் லோவெல் வானாய்வுக் கூடத்தில் வெஸ்டோ ஸ்லைஃபர் அதே உத்தியை அஸ்ஸூஃபியின் முகில் திட்டின்மீது செலுத்தினார். மங்கிய ஒளியாதலின் பல இரவுகள் ஒரே தகட்டில் அதனைச் சேர்க்க வேண்டியிருந்தது. திட்டு வினாடிக்குச் சுமார் 300 கி.மீ. வேகத்தில் நம்மை நோக்கி வருகிறது என்று தெரிந்தது! ஆயின் அது விதிவிலக்கு. 1917-க்குள் அவர் அளந்த 25 திட்டுகளுள் 21 நம்மை விட்டு விலகிக்கொண்டிருந்தன.

அவை நம் பால்வீதிக்குள் இருப்பவையா, அப்பாற்பட்டவையா என்னும் வழக்கை 1923-இல் எட்வின் ஹபிள் தீர்த்தார். ஆந்த்ரோமீடாவில் ஒரு செஃபீட் விண்மீனைக் கண்டு, அதன் தொலைவு ஏறத்தாழ 9 இலட்சம் ஒளியாண்டு என்று கணித்தார். முகில் திட்டு தனியொரு விண்மீன் மண்டலமாயிற்று. பின்னர் 24 மண்டலங்களின் தொலைவையும் வேகத்தையும் இணைத்து அவர் 1929-இல் வெளியிட்ட முடிவு இது: தொலைவு இரட்டித்தால் விலகும் வேகமும் இரட்டிக்கிறது. அவருக்குத் துணைநின்று மேலும் தொலைவிலுள்ள மண்டலங்களின் நிறமாலையை எடுத்த மில்டன் ஹியூமாசன், பள்ளிப் படிப்பை இடையில் விட்டு, அம்மலைக்குக் கோவேறு கழுதைகளில் சுமையேற்றிச் சென்றவர்.

எல்லாம் நம்மை விட்டு ஓடுகின்றனவெனில் நாம்தாம் நடுவே இருக்கிறோமா? இல்லை. இரவில் புளித்துப் பொங்கும் மாவில் சீரகம் கலந்திருப்பதாகக் கொள்வோம். மாவு இரு மடங்கு நீள அகலம் பெற்றால், ஒரு விரற்கடை தள்ளியிருந்த சீரகம் இரண்டாகவும், நான்கு தள்ளியிருந்தது எட்டாகவும் விலகும். எந்தச் சீரகத்திலிருந்து நோக்கினும் இதே காட்சிதான். விண்மீன் மண்டலங்கள் பறவைகளைப் போல் வலசை போகவில்லை, இடைவெளியே பெருகுகிறது. ஆந்த்ரோமீடா போன்ற அண்டை மண்டலங்களை ஈர்ப்பு விசை பற்றி வைத்திருப்பதால் அவை இதற்கு உட்படுவதில்லை. இவ்விளக்கத்தின் கணிதத்தை ரஷ்ய அறிஞர் ஃபிரீட்மான் 1922-இலும், பெல்ஜிய அறிஞர் லெமைத்ர் 1927-இலும் ஐன்ஸ்டைனின் கோட்பாட்டிலிருந்து வருவித்திருந்தனர். அதனால் 2018-இல் பன்னாட்டு வானியல் ஒன்றியம் இவ்விதியை ஹபிள்–லெமைத்ர் விதி எனப் பெயரிடப் பரிந்துரைத்தது.

இனி ‘மூஸிஊன்’ என்பதற்கு வருவோம். இதே வேரிலிருந்து பிறந்த ‘மூஸிஃ’ என்னும் சொல் அல்பகராவின் 236-ஆம் வசனத்தில் வசதி படைத்தவரைக் குறிக்கிறது. இமாம் தபரீ, படைப்பதற்குரிய வளமும் ஆற்றலும் உடையோம் என்னும் கருத்தில் 51-ஆம் அத்தியாய வசனத்தை விளக்குகிறார். இப்னு கஸீர், வானத்தின் எல்லைகள் விசாலமாக்கப்பட்டதைக் கூறுகிறார். விண்மீன் மண்டலங்கள் ஓடுவதாக அவர்களுள் எவரும் பொருள்கொள்ளவில்லை. சொல் அப்பொருளுக்கும் இடந்தரும் என்பார் சொல்லட்டும். அரபு மொழியில் அதற்குத் தடையில்லை. ஆனால் இறைவேதத்தை ஆய்வுக்கூடத்தின் அன்றைய எண்ணோடு முடிச்சுப் போடுவதில் நமக்கு உடன்பாடில்லை. 1929-இல் ஹபிள் பெற்ற விரிவு வேகம் இன்றைய மதிப்பைப்போல் ஏழு மடங்கு. அதன்படி பேரண்டத்தின் வயது சுமார் 200 கோடி ஆண்டுகள்தாம். பூமியின் வயதோ 450 கோடிக்கும் மேல்! செஃபீட் விண்மீன்களுள் இரு வகையுண்டு என்று வால்டர் பாடே 1952-இல் அறிவித்த பிறகே அச்சிக்கல் அவிழத் தொடங்கிற்று. ஆந்த்ரோமீடா 25 இலட்சம் ஒளியாண்டுத் தொலைவிற்குச் சென்றது; பேரண்டத்தின் வயது இன்று 1,380 கோடி ஆண்டுகள் எனப்படுகிறது.

லெமைத்ர் ஒரு கிறித்தவப் பாதிரியார். 1951-இல் போப்பாண்டவர் பன்னிரண்டாம் பயஸ், பேரண்டத்தின் தொடக்கம் பற்றிய கோட்பாட்டைப் படைப்புக்குச் சான்றாக எடுத்துப் பேசியபோது, அதனை அவர் வரவேற்கவில்லை. தம் கோட்பாடு சமய வினாக்களுக்குப் புறம்பானது என்பதே அவர் கருத்து. இவ்விடத்தில் அவர் பக்கமே நாம் நிற்கிறோம்.

அளவைகளோ இன்னும் ஓயவில்லை. சென்னையில் பிறந்து, கொடைக்கானலை வழிநடத்தி, ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வுக் கூடத்தை நிறுவிய வைனு பாப்பு, ஆலின் வில்சனோடு இணைந்து நிறமாலைக் கோட்டின் அகலத்தைக்கொண்டே விண்மீனின் உண்மை ஒளியை அறியும் வழியை 1957-இல் வெளியிட்டார். விரிவின் வேகம் தணியாமல் மிகுந்துவருகிறது என்று 1998-இல் இரு குழுவினர் அறிவித்தனர். 32.6 இலட்சம் ஒளியாண்டுத் தொலைவிற்கு வினாடிக்கு எத்தனை கி.மீ. என்பதே விரிவின் அளவு. பேரண்டத்தின் தொடக்க காலக் கதிர்வீச்சிலிருந்து கணித்தால் 67-ஐ ஒட்டியும், செஃபீட் விண்மீன்களையும் வெடிக்கும் விண்மீன்களையும்கொண்டு அளந்தால் 73-ஐ ஒட்டியும் விடை வருகிறது. கருவிகள் நுட்பமடைந்தும் அவ்விடைவெளி மூடவில்லை. அளவையில் பிழையுள்ளதா, கோட்பாட்டில் குறையுள்ளதா என்று வானியலார் வழக்காடிக்கொண்டிருக்கின்றனர்.