காரில் ஒரு தீயணைப்புக் கருவி

புதிய கார் வாங்கினால் நம்மில் பலர் அதை முதலில் கோவிலுக்குத்தான் ஓட்டிச் செல்கிறோம். மாலை சாத்தி, கற்பூரம் காட்டி, சக்கரத்தின் அடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றிய பிறகே சாலையில் இறங்குகிறோம். பிறகு காப்புறுதி எடுக்கிறோம்; இருக்கைக்கு உறை போடுகிறோம். ஆனால் அந்தக் காரில் ஒரு தீயணைப்புக் கருவி இருக்கிறதா என்று கேட்டால், "அது பஸ்ஸுக்கும் லாரிக்கும்தானே" என்ற பதிலே பெரும்பாலும் கிடைக்கிறது. நம் நாட்டில் சொந்தக் காருக்கு அது கட்டாயமில்லை. பெல்ஜியம், போலந்து போன்ற சில நாடுகளில் சொந்தக் காரிலும் அது இருந்தாக வேண்டும் என்பது சட்டம். சட்டம் கேட்காவிட்டாலும் நாம் ஏன் அதை வைத்துக்கொள்ள வேண்டும், எதை வாங்க வேண்டும், எங்கே பொருத்த வேண்டும் என்பதை இன்று பார்ப்போம்.

தீ எரிவதற்கு மூன்று பொருள்கள் வேண்டும். எரிபொருள், வெப்பம், காற்றிலுள்ள பிராணவாயு. இம்மூன்றும் கைக்கெட்டும் தூரத்தில் சேர்ந்திருக்கும் இடம் காரின் எஞ்சின் பகுதி. பெட்ரோல் மிக விரைவில் ஆவியாவது. நீர் உறையும் குளிரைவிட 40 பாகை கீழே போனாலும் தீப்பற்றக்கூடிய ஆவியை அது விட்டுக்கொண்டுதான் இருக்கும். நம் கிள்ளான் பள்ளத்தாக்கின் வெயிலில் சொல்லவே வேண்டியதில்லை. சிறிய காரின் தொட்டியில்கூட 35, 40 லிட்டர் பெட்ரோல் பிடிக்கும். வெடிப்பு விட்ட ஒரு ரப்பர் குழாய், எலி கடித்த ஒரு மின்கம்பி, முறையில்லாமல் இணைத்த ஒரு கூடுதல் விளக்கு, சூடான புகைபோக்கிக் குழாயின்மேல் சொட்டும் எண்ணெய், பட்டறையில் மறந்து வைத்த ஒரு துணி: இவற்றில் ஒன்று போதும்.

கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்குக் காலையில் கூட்டரசு நெடுஞ்சாலையில் வருகிறோம் என்று வைத்துக்கொள்வோம். ஷா ஆலம் தாண்டியதும் பானெட்டின் ஓரத்தில் புகை தெரிகிறது. முன்னும் பின்னும் வாகனங்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. தீயணைப்பு வண்டி புறப்பட்டுவிட்டாலும் அந்த நெரிசலைக் கடந்துதான் வர வேண்டும். தீயோ அதுவரை காத்திருக்காது. எஞ்சினுக்கும் நாம் உட்கார்ந்திருக்கும் அறைக்கும் நடுவே உள்ள தடுப்பு சில நிமிடங்களே தாங்கும். அதற்குள் குழந்தையைப் பின்னிருக்கையிலிருந்து அவிழ்த்தெடுக்க வேண்டும். முழங்கால் வலியுள்ள பாட்டியை இறக்க வேண்டும். விபத்தில் நசுங்கிய காரானால், கதவே திறக்காமல் போகலாம். இந்த இடைவெளியில்தான் தீயணைப்புக் கருவிக்கு வேலை. அதன் முதற்பணி காரைக் காப்பாற்றுவதன்று, காரில் இருப்பவர்கள் வெளியே வருவதற்கு நேரம் வாங்கித் தருவதே. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் எதை வாங்குவது, எங்கே வைப்பது என்ற கேள்விகளுக்கு விடை எளிதாகிவிடும்.

முதலில் வகையைப் பார்ப்போம். தண்ணீர் நிரப்பிய கருவி காருக்கு ஆகாது. பெட்ரோல் தண்ணீரைவிட இலேசானது. தண்ணீரின்மேல் மிதந்து தீயைப் பரப்பும். கரியமில வாயுக் கருவி மின்சாதனத் தீக்கு நல்லது. ஆனால் திறந்த வெளியில் காற்று அந்த வாயுவை அடித்துக்கொண்டு போய்விடும். மூடிய காருக்குள் அடித்தால் உள்ளே இருப்பவர் மூச்சுத் திணறுவார். காருக்கு ஏற்றது உலர்தூள் கருவி. அதிலும் ஏபிசி என்று எழுதியிருப்பதையே கேட்டு வாங்க வேண்டும். 'ஏ' என்பது துணி, பஞ்சு, பிளாஸ்டிக் போன்ற திடப்பொருள் தீ. 'பி' என்பது பெட்ரோல், எண்ணெய் போன்ற திரவத் தீ. 'சி' என்பது எரிவாயுத் தீ. காரில் இருக்கையும் உண்டு, பெட்ரோலும் உண்டு. பிசி என்று மட்டும் எழுதிய தூள் பெட்ரோல் தீயை அணைக்கும். ஆனால் இருக்கைப் பஞ்சில் கனன்றுகொண்டிருக்கும் நெருப்பை அடக்காது. ஏபிசி தூள் சூடுபட்டதும் உருகி, எரியும் பொருளின்மேல் ஒரு மேலோடுபோலப் படிந்து காற்றைத் தடுக்கிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை. பழைய கார்களைச் சேகரித்து வைத்திருப்பவர்களிடம் பழைய கருவிகளும் இருக்கக்கூடும். முற்காலத்தில் கார்பன் டெட்ராகுளோரைடு என்ற திரவத்தை இதற்குப் பயன்படுத்தினார்கள். சூடான உலோகத்தில் பட்டால் அதிலிருந்து பாஸ்ஜீன் என்ற நச்சுவாயு உண்டாகும். முதல் உலகப் போரில் வீரர்களைக் கொன்ற வாயு அதுதான். அதற்குப் பின் வந்த ஹாலன் திறமையாக வேலை செய்தது. ஆனால் அது வானின் ஓசோன் படலத்தை அரிப்பது தெரியவந்தது. 1987ஆம் ஆண்டின் மான்ட்ரியல் உடன்படிக்கையைத் தொடர்ந்து வளர்ந்த நாடுகளில் 1993இன் இறுதியோடும், வளரும் நாடுகளில் 2010ஆம் ஆண்டோடும் அதன் உற்பத்தி நின்றது. அப்பா காலத்துக் கருவி என்று இவற்றைக் காரில் வைத்திருக்க வேண்டாம்.

அடுத்தது அளவு. ஒரு கிலோ தூள் கொண்ட கருவி சாதாரணக் காருக்குக் குறைந்த அளவு. பெரிய குடும்ப வேன் வைத்திருப்பவர்கள் இரண்டு கிலோ வைத்துக்கொள்வது நல்லது. வாசனைத் திரவியப் புட்டியைப்போன்ற சிறு தெளிப்பான்களை நம்பக் கூடாது. வாங்கும்போது நான்கு காரியங்களைக் கவனிக்க வேண்டும். சிரிம் முத்திரையும் தீயணைப்பு, மீட்புத்துறையாகிய போம்பாவின் அங்கீகார ஒட்டும் உள்ளனவா? காலாவதித் தேதி என்ன? அழுத்தமானியின் முள் பச்சைப் பகுதியில் நிற்கிறதா? பாதுகாப்பு ஊசியும் அதன் முத்திரையும் உடையாமல் இருக்கின்றனவா? ஐந்தாவது சோதனை ஒன்றும் உண்டு. கடையிலேயே அதை வீட்டில் வலுக்குறைந்தவரின் கையில் கொடுத்துப் பாருங்கள். அவரால் தூக்கிப் பிடிக்க முடியாத கருவி, அவர் தனியே ஓட்டும் நாளில் பயன்படாது.

இனிப் பொருத்துவது. பலர் கருவியை வாங்கி, பெட்டியோடு பின்னால் பூட்டில் போட்டுவிடுகிறார்கள். அதன்மேல் கடைச் சாமானும் குழந்தையின் தள்ளுவண்டியும் ஏறிவிடும். தீ பிடித்த நேரத்தில் இவற்றையெல்லாம் இறக்கிக்கொண்டிருக்க முடியுமா? பல கார்களில் பெட்ரோல் தொட்டியும் பின்பக்கமே இருக்கிறது என்பதை எண்ணிப் பாருங்கள்.

வேறு சிலர் ஓட்டுநர் இருக்கையின் அடியில் உருட்டி விடுகிறார்கள். இது இன்னும் ஆபத்து. திடீரென்று நிறுத்தும்போது அது முன்னே உருண்டு பிரேக் மிதியின் அடியில் சிக்கிக்கொள்ளும். மோதல் நேர்ந்தாலோ அது குண்டாகப் பாயும். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் எதிலாவது மோதி அரை மீட்டருக்குள் நின்றுவிட்டால், உள்ளே கட்டாமல் இருக்கும் பொருளை நிறுத்த அதன் எடையைப்போல் சுமார் 20 மடங்கு விசை வேண்டும். ஒரு கிலோ தூள் கருவியின் மொத்த எடை ஏறக்குறைய 2 கிலோ. அது 40 கிலோ மூட்டையின் பாரத்தோடு வந்து ஒருவரைத் தாக்கும். ஆகவே ஒட்டுநாடாவும் பிளாஸ்டிக் கொக்கியும் போதா. உலோகத் தாங்கியும், அழுத்திப் பிடித்து, ஒரே இழுப்பில் விடும் உலோகப் பட்டையும் வேண்டும்.

நமக்கு மிகப் பொருத்தமான இடம் முன்பயணியின் இருக்கைக்கு முன்புறம், தரையை ஒட்டி. இதற்குக் காரணம் உண்டு. நம் நாட்டில் ஓட்டுநர் வலப்பக்கம் அமர்கிறார். வாகனம் சாலையின் இடப்பக்கம் ஓடுகிறது. பழுதான காரை இடப்புற அவசரத் தடத்தில்தான் ஒதுக்குகிறோம். அப்போது இடக்கதவே பாயும் வாகனங்களுக்கு எதிர்ப்புறமாகிறது. ஓட்டுநர் கையை நீட்டினாலும் எடுக்கலாம். இறங்கி வந்து இடக்கதவைத் திறந்தும் எடுக்கலாம். கூட்டரசு நெடுஞ்சாலையில் மட்டும் இடப்புறத்தில் மோட்டார் சைக்கிள்களுக்குத் தனித்தடம் ஓடுவதால், தடுப்பைக் கடந்து நிற்கும்போது அந்தப் பக்கமும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தாங்கியை நாமே துளைபோட்டு முடுக்கக் கூடாது. தரைக்கு அடியில் பெட்ரோல் குழாயும் பிரேக் குழாயும் மின்கம்பிகளும் ஓடுகின்றன. மின்சாரக் காரில் தரைக்கு அடியிலேயே உயர் மின்னழுத்த பேட்டரி இருக்கிறது. அதில் துளையிடுவதை நினைக்கவும் வேண்டாம். பட்டறையில் சொல்லி, இருக்கையைத் தாங்கும் போல்ட்டுகளோடு சேர்த்துப் பொருத்தும் தாங்கியைப் போடச் சொல்லுங்கள். அந்த போல்ட்டுகளை மீண்டும் சரியான இறுக்கத்தில் முடுக்கச் சொல்லுங்கள். காற்றுப்பை விரியும் இடங்களில் எதையும் பொருத்தக் கூடாது. இருக்கை முன்னும் பின்னும் நகர்வதற்கும் இடம் இருக்க வேண்டும். டேஷ்போர்டின்மேலும் பின் கண்ணாடியின் அடியிலும் வைக்க வேண்டாம். வெயிலில் மூடி நிறுத்திய காரில் அந்த இடங்கள் 60 பாகை செல்சியஸையும் தாண்டிச் சுடும். கருவியின் மேலொட்டில் எழுதிய வெப்ப வரம்பையும் படித்துப் பார்த்து வாங்குங்கள்.

இப்போது பயன்படுத்தும் முறை. புகை தெரிந்தவுடன் இடப்புறம் ஒதுங்கி எஞ்சினை நிறுத்த வேண்டும். அனைவரையும் இறக்கி, குறைந்தது 30 மீட்டர் தள்ளி நிற்கச் செய்ய வேண்டும். ஒருவர் 999ஐ அழைக்க வேண்டும். இதற்குப் பிறகே கருவி. காற்று நம் முதுகுப்பக்கம் வீசுமாறு, தீயிலிருந்து சுமார் 2 மீட்டர் தள்ளி நின்று, ஊசியைப் பிடுங்கி, வாயைத் தீயின் அடிப்பாகத்துக்கு நேராகப் பிடித்து, பிடியை அழுத்தி, இடமும் வலமுமாக வீச வேண்டும். கொழுந்தின் உச்சியில் அடித்துப் பயனில்லை. ஒரு கிலோ தூள் ஏறக்குறைய 8 முதல் 10 விநாடிகளில் தீர்ந்துவிடும்.

எஞ்சின் பகுதியில் தீ என்றால் பானெட்டை முழுதாகத் திறக்கக் கூடாது. திறந்தவுடன் காற்றுப் புகுந்து கொழுந்து முகத்தில் அடிக்கும். உள்ளிருந்து இழுத்துத் தளர்த்திய சிறு இடைவெளி வழியாகவோ, முன் கிராதி வழியாகவோ, சக்கரத்தின் மேலிடுக்கு வழியாகவோ தூளை அடிக்க வேண்டும். தூள் சூட்டைத் தணிப்பதில்லை. ஆகையால் அணைந்த தீ மீண்டும் பற்றலாம். உடனே கிட்டப் போய்க் குனிந்து பார்க்க வேண்டாம்.

எப்போது விட்டுவிட வேண்டும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். தீ காருக்குள் பரவிவிட்டால், பெட்ரோல் தரையில் ஓடினால், அடைபட்ட கார் நிறுத்துமிடத்தில் புகை சூழ்ந்தால், கருவியைக் கீழே போட்டுவிட்டு வெளியேறிவிடுங்கள். பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடிகளில் குடியிருப்பவர்கள் இதை முக்கியமாக நினைவில் வைக்க வேண்டும். மின்சாரக் காரின் பேட்டரி தீப்பற்றினால் தூள் அதை அடக்காது; ஆட்களை இறக்கித் தூர விலகுவதே வழி. 2025 ஏப்ரல் 1ஆம் தேதி சுபாங் ஜெயா, புத்ரா ஹைட்ஸில் எரிவாயுக் குழாய் தீப்பற்றியபோது வீடுகளும் கார்களும் எரிந்தன. அத்தகைய தீக்கு முன்னால் உயிரோடு ஓடுவதே அறிவுடைமை. ஒரு கிலோ கருவி ஆரம்பத் தீக்கு மட்டுமே. எரியும் காருக்குள் யாராவது சிக்கியிருந்தால், பூட்டிய இருக்கைப் பட்டியை அவிழ்க்கும்வரை தீயைத் தள்ளி நிறுத்த அந்தப் பத்து விநாடி உதவும்.

கடைசியாகப் பராமரிப்பு. மாதம் ஒரு முறை முள்ளைப் பாருங்கள். கருவியைக் கழற்றித் தலைகீழாகப் பிடித்து மெல்லக் குலுக்குங்கள். ஓட்டத்தின் அதிர்வில் அடியில் இறுகிய தூள் இளகும். ஒரு விநாடி அழுத்திப் பார்த்தாலும் அதை மீண்டும் நிரப்பக் கொடுக்க வேண்டும். வால்வில் தூள் ஒட்டிக்கொண்டு அழுத்தம் மெல்லக் கசிந்துவிடும். காலாவதியான கருவியை மாற்றுங்கள்.

கருவியை வாங்கிப் பொருத்திய அன்றே குடும்பத்தினர் அனைவரையும் காரில் உட்கார வைத்து, அது எங்கே இருக்கிறது, பட்டையை எப்படி விடுவிப்பது, ஊசி எது என்று ஒவ்வொருவரையும் தொட்டுப் பார்க்கச் செய்யுங்கள். ஓட்டுபவருக்கு மட்டும் தெரிந்தால் போதாது. விபத்தில் முதலில் செயலற்றுப் போகிறவர் அவராகவே இருக்கலாம்.